ஃபால்கன் டர்போ யூட்: எஞ்சின் தாங்கும், சுற்றியிருப்பதைப் பாருங்கள்

ஃபோர்ட் ஃபால்கன் எக்ஸ்ஆர்6 டர்போ யூட் வாங்க நினைப்பவர்கள் முதலில் கேட்பது, "இதில் எவ்வளவு பவர் ஏற்றலாம்?" என்றுதான். கேட்க வேண்டியது வேறு: "கியர்பாக்ஸ் கூலர் மாற்றியிருக்கிறதா?" இந்த வண்டியோடு கொஞ்ச காலம் குடித்தனம் நடத்தியவர்களுக்கு இந்த வித்தியாசம் பாக்கெட்டில் தெரியும்.

யூட் என்பது ஆஸ்திரேலியாவில் பிறந்த வடிவம். முன்பாதி கார், பின்பாதி சரக்குத் தொட்டி. 1934-இல் ஜீலாங் ஃபோர்ட் ஆலையில் லூயிஸ் பாண்ட் என்ற இளம் வடிவமைப்பாளர் இதற்கு உருக்கொடுத்தார். ஞாயிறு தேவாலயத்துக்கும் திங்கள் பன்றிச் சந்தைக்கும் ஒரே வண்டி வேண்டும் என்று ஒரு விவசாயியின் மனைவி எழுதிய கடிதம்தான் தூண்டுகோல் என்பது அங்கே எல்லோரும் சொல்லும் கதை. அதே ஜீலாங்கில் செய்த 4 லிட்டர், ஆறு சிலிண்டர் 'பாரா' எஞ்சினில் டர்போ (வெளியேறும் புகையின் விசையால் எஞ்சினுக்குள் கூடுதல் காற்றைத் திணிக்கும் கருவி) மாட்டி, வீட்டுக் கூரை வேலைக்குப் போகிறவரும் ஓட்டும் வண்டியில் வைத்தது 2000-களின் கூத்து. மெல்போர்னுக்கு வடக்கே பிராட்மெடோஸ் ஆலையில் கடைசி ஃபால்கன் யூட் 2016 ஜூலையில் இறங்கியது. ஆகவே இன்று கையில் கிடைப்பது எல்லாமே பழைய வண்டி. எந்த ரப்பரும் எந்த பிளாஸ்டிக்கும் அதன் வயதை எட்டிவிட்டது என்ற நினைப்போடுதான் பார்க்க வேண்டும்.

மூன்று தலைமுறைகள். 2002-இல் அறிமுகமான பிஏ வரிசையின் டர்போ எஞ்சின் 240 கிலோவாட், 450 நியூட்டன் மீட்டர். 2005-இல் வந்த பிஎஃப் 245 கிலோவாட், 480 நியூட்டன் மீட்டர். 2008-இன் எஃப்ஜி 270 கிலோவாட், 533 நியூட்டன் மீட்டர். காகிதத்தில் பிஏவுக்கும் பிஎஃப்புக்கும் பெரிய தூரமில்லை. ஆனால் ஆட்டோமேட்டிக் வாங்குகிறவருக்கு மலையளவு தூரம்: பிஏவில் பழைய நாலு கியர் பெட்டி, பிஎஃப்பிலிருந்து ஜெர்மன் இசட்எஃப் ஆறு கியர். நாலு கியர் பெட்டி இந்த முறுக்குவிசையை வேண்டா வெறுப்பாகச் சுமக்கும். இசட்எஃப் பெட்டி இந்த எஞ்சினுக்கென்றே பிறந்ததுபோல் இருக்கும். மேனுவலில் பிஏவின் ஆரம்ப ஐந்து கியர் பெட்டியைத் தவிர்த்து, 2004 இறுதியில் வந்த டி56 ஆறு கியரைத் தேடுங்கள். கனமான கிளட்ச், கனமான குச்சி, ஆனால் உழைக்கும்.

ஓட்டும்போது இந்த எஞ்சினின் குணம் டர்போ வண்டி மாதிரியே இருக்காது. பிஏவின் 450 நியூட்டன் மீட்டர் 2000 சுழற்சியிலேயே வந்து 4500 வரை அப்படியே நிற்கும். நாலு லிட்டர் கொள்ளளவு இருப்பதால் டர்போ விழிக்கக் காத்திருக்கும் அந்த வெற்று நொடி பெரிதாகத் தெரியாது. நெடுஞ்சாலையில் முந்த வேண்டுமானால் கியரைக் குறைக்கவே தேவையில்லை, காலை ஒரு விரல்கடை அழுத்தினால் போதும்.

சிக்கல் பின்னால் ஆரம்பிக்கிறது. ஃபால்கன் செடானுக்குப் பின்சக்கரங்கள் தனித்தனியாக ஆடும் சஸ்பென்ஷன். யூட்டுக்கு ஒற்றை அச்சும் லீஃப் ஸ்பிரிங் பட்டைகளும்தான். தொட்டி காலியாக இருக்கும்போது பின் அச்சின் மேல் எடை குறைவு. மழை பெய்த ரவுண்டானாவில், இரண்டாவது கியரில், பூஸ்ட் (டர்போ திணிக்கும் காற்றின் அழுத்தம்) ஏறும் நேரத்தில் கால் கொஞ்சம் தாராளமாக இருந்தால் வால் உங்களை முந்தப் பார்க்கும். காய்ந்த சாலையில் வேறு தொல்லை: வேகமாகக் கிளம்பும்போது பட்டை முறுக்கிக்கொண்டு விடுபட, அச்சு தடதடவென்று துள்ளும். அந்தத் துள்ளல் தொடரும்போது காலை எடுத்துவிடுங்கள். பின் அச்சின் டிஃபரென்ஷியலும், அதற்கு விசையைக் கொண்டுவரும் நீளத் தண்டான கார்டன் ஷாஃப்டின் நடு பேரிங்கும் வாங்கும் அடி அதுதான்.

இதற்குச் செலவு குறைந்த மருந்து டயர். பிஏவில் 235/45ஆர்17 வரும். நாலும் ஒரே பிராண்டாக, நல்ல மழைப்பிடிப்பு உள்ளதாக வாங்குங்கள். பின்னால் மட்டும் மலிவு டயர் போட்டு முன்னால் விலையுயர்ந்தது போடுவது இந்த வண்டியில் தலைகீழ்க் கணக்கு. மணல் மூட்டை போட்டு ஓட்டுகிறவர்களும் உண்டு. அப்படிச் செய்தால் பின் அச்சுக்கு நேர் மேலே வைத்து இறுகக் கட்டுங்கள். தொட்டியின் கடைக்கோடியில் கட்டாமல் கிடக்கும் மூட்டை, பிரேக் போடும்போது கேபினின் பின் சுவரைத் தேடி வரும்.

இப்போது கூலருக்கு வருவோம். இந்தப் பதிவில் ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொள்வதென்றால் இந்தப் பத்தியை வையுங்கள். பிஎஃப், எஃப்ஜி ஆட்டோமேட்டிக்கில் கியர்பாக்ஸ் எண்ணெயைக் குளிர்விக்க எஞ்சின் கூலன்டையே பயன்படுத்தும் ஒரு ஹீட் எக்ஸ்சேஞ்சர் இருக்கிறது. ஒரு பக்கம் எண்ணெய், மறு பக்கம் கூலன்ட், நடுவில் மெல்லிய உலோகத் தகடு. ஆண்டுகள் போக உள்ளே அரித்து ஓட்டை விழும். எஞ்சின் ஓடும்போது எண்ணெயின் அழுத்தம் அதிகம் என்பதால் அது கூலன்டுக்குள் போகும். அணைத்த பிறகு எண்ணெய் அழுத்தம் உடனே விழுந்துவிடும், சூடான கூலன்டின் அழுத்தமோ கொஞ்ச நேரம் நிற்கும். அப்போது கூலன்ட் கியர்பாக்ஸுக்குள் இறங்கும். அதிலிருக்கும் கிளைக்கால் என்ற உறைவெதிர்ப்புத் திரவம் கிளட்ச் தகடுகளின் உராய்வுப் பூச்சை ஒட்டியிருக்கும் பசையையே தின்றுவிடும். கூலன்ட் பாட்டிலைத் திறந்தால் ஸ்ட்ராபெர்ரி மில்க் ஷேக் நிறத்தில் குழம்பு தெரியும். அதைக் காணும் நேரத்தில் பெரும்பாலும் பெட்டி கெட்டிருக்கும்.

முன்கூட்டி வரும் அறிகுறி ஒன்றிரண்டு உண்டு. மணிக்கு 60 முதல் 80 கிலோமீட்டரில் மெதுவாகக் கால் வைத்து ஓடும்போது, சாலையில் இல்லாத ஒரு அதிர்வு ஸ்டீயரிங்கில் தட்டுப்படுவது முக்கியமானது. கூலன்ட் அளவு காரணமில்லாமல் ஏறுவதோ இறங்குவதோ அடுத்தது. இரண்டில் ஒன்று தெரிந்தாலும் வண்டியை நிறுத்திவிட்டு எண்ணெயைச் சோதியுங்கள். தடுப்பு எளிது: ஹீட் எக்ஸ்சேஞ்சரை முழுதாக ஒதுக்கிவிட்டு, முன்னால் காற்றில் குளிரும் தனி எண்ணெய்க் கூலர் மாட்டுவது. கூலன்ட் குழாய்களை நேராக இணைத்துவிட வேண்டும். கியர்பாக்ஸ் மறுகட்டுமானத்தோடு ஒப்பிட்டால் இதன் விலை சில்லறை. தெர்மோஸ்டாட் வைத்த கூலரை வாங்குங்கள். விக்டோரியா மாநிலத்தின் குளிர்கால ஜூலைக் காலைகளில் எண்ணெய் அதிகம் குளிர்ந்தாலும் கியர் மாற்றம் முரடாகும்.

அந்த இசட்எஃப் பெட்டியின் எண்ணெய்க்கு 'ஆயுள் முழுக்க' என்று சொல்லப்பட்டதை நம்ப வேண்டாம். தயாரிப்பாளரே 80,000 முதல் 120,000 கிலோமீட்டருக்குள் மாற்றச் சொல்வது உண்டு. அடியில் இருக்கும் எண்ணெய்த் தட்டு பிளாஸ்டிக். ஃபில்டர் அதோடு ஒட்டியது, தனியாகக் கழற்ற முடியாது, ஆகவே தட்டையே மாற்ற வேண்டும். தட்டைத் திறந்திருக்கும்போதே மெக்கட்ரானிக் யூனிட்டுக்கு (கியர் மாற்றத்தை இயக்கும் மின்னணுப் பகுதி) வயர் நுழையும் இடத்தில் இருக்கும் பிளாஸ்டிக் ஸ்லீவையும் மாற்றிவிடுங்கள். கியர்பாக்ஸ் எண்ணெய்க் கசிவில் பாதி அந்த ஸ்லீவின் ரப்பர் வளையத்தால்தான். எண்ணெய் அளவு பார்க்கும் முறையில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். வண்டி நான்கு பக்கமும் மட்டமாக நிற்க வேண்டும், எஞ்சின் ஓட வேண்டும், பிரேக்கை மிதித்துக்கொண்டு எல்லா கியரிலும் சில நொடிகள் நிறுத்திப் பார்க்கில் வைக்க வேண்டும், எண்ணெய் சூடு 30-க்கும் 50 டிகிரிக்கும் நடுவில் இருக்க வேண்டும். அந்த நிலையில் நிரப்பும் துளையிலிருந்து மெல்லிய கோடாக வழிந்தால் அளவு சரி. எஞ்சினை அணைத்துவிட்டு அளந்தால் ஒன்றிரண்டு லிட்டர் குறைவாக விட்டு மூடிவிடுவீர்கள்.

எஞ்சின் பக்கம் வந்தால் கவனம் மூன்று நான்கு இடங்களில்தான். டர்போவுக்கு எண்ணெய் கொண்டுபோகும் மெல்லிய குழாயில் ஒரு சிறிய வலை ஃபில்டர் உண்டு. எண்ணெய் மாற்றத்தைத் தள்ளிப்போட்ட வண்டியில் அது கரியால் அடைபடும். எண்ணெய் பஞ்சம் வந்தால் டர்போ பேரிங் முதலில் சீட்டியடிக்கும், பிறகு நீலப் புகை. இருபது முப்பது டாலர் ஃபில்டருக்குச் சோம்பி டர்போ வாங்கியவர்கள் ஏராளம். எஞ்சின் எண்ணெயைப் புத்தகம் சொல்வதை விட முன்னதாக, 7,500 கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்றுவது புத்திசாலித்தனம். டர்போ சூட்டில் எண்ணெய் சீக்கிரம் கெடும்.

பூஸ்ட் ஏறும்போது மட்டும் வண்டி வெட்டினால் முதலில் பிளக், இரண்டாவது அதற்கு மின்சாரம் கொடுக்கும் காயில். பிளக் இடைவெளியை 0.8 மில்லிமீட்டருக்குள் வையுங்கள். அழுத்தம் கூடிய அறையில் அகலமான இடைவெளியைத் தாண்டப் பொறிக்குத் தெம்பு போதாது. வண்டியின் கோளாறைப் படிக்கும் ஓபிடி கருவியில் பி0301 முதல் பி0306 வரை ஏதாவது பிழைக் குறியீடு வந்தால் கடைசி இலக்கம்தான் சிலிண்டர் எண். அந்த சிலிண்டரின் காயிலை அடுத்ததோடு மாற்றிப் போட்டு ஓட்டுங்கள். குறியீடும் கூடவே நகர்ந்தால் காயில், நகராவிட்டால் பிளக்கோ இன்ஜெக்டரோ. வால்வ் கவர் கேஸ்கட் கசிந்து பிளக் குழிகளில் எண்ணெய் தேங்குவதும் இதில் சகஜம். குழியில் எண்ணெய் கண்டால் கேஸ்கட்டோடு சேர்த்து காயில் ரப்பர்களையும் மாற்றுங்கள். ஆறு காயிலையும் ஒரேயடியாக வாங்கச் சொல்லும் கடைக்காரரிடம் முதலில் இந்தச் சோதனையைச் செய்யச் சொல்லுங்கள்.

பூஸ்ட் குறைவு, ஸ்ஸ் என்ற சத்தம், கறுப்புப் புகை மூன்றும் சேர்ந்தால் இன்டர்கூலர் (டர்போ அனுப்பும் சூடான காற்றைக் குளிர்விப்பது) குழாய். ரப்பர் மூட்டுகள் எண்ணெய்ப் படலத்தில் ஊறி வழுக்கும், கிளாம்ப் எவ்வளவு முறுக்கினாலும் நழுவும். கழற்றி, பிரேக் கிளீனரால் உள்பக்கம் துடைத்து, முறையான டி-போல்ட் கிளாம்ப் போட்டால் தீரும்.

இனி எல்லோரும் காத்திருக்கும் பவர் விஷயம். எஞ்சினின் உடலான பிளாக்கும் சுழல் தண்டான கிராங்கும் அசாத்திய பலம். ஆஸ்திரேலிய டிராக் ரேஸ் பாதைகளில் இந்த எஞ்சின் 1000 குதிரைசக்தியைத் தாண்டி ஓடுவது இன்று செய்தியே அல்ல. ஆனால் தொழிற்சாலையிலிருந்து வந்தபடி இருக்கும் எஞ்சினில் இரண்டு பலவீனம் உண்டு. ஒன்று வால்வ் ஸ்பிரிங். பூஸ்டை ஏற்றினால் உள்ளிழுப்பு வால்வின் பின்புறத்தில் அழுத்தம் கூடி, மேல் சுழற்சியில் ஸ்பிரிங்கால் அதை முழுதாக மூட முடியாது. மேலே போகப் போக மூச்சுத் திணறுவதுபோல் தெரியும், பலர் அதைப் பெட்ரோல் குறை என்று நினைத்து பம்பை மாற்றுவார்கள். ஹெட்டைக் கழற்றாமலே, சிலிண்டருக்குள் காற்றழுத்தம் கொடுத்து வால்வைத் தாங்கிப் பிடித்து, ஸ்பிரிங்கை மாற்றிவிடலாம்.

இரண்டாவது எண்ணெய் பம்ப் கியர். அது கிராங்கின் மூக்கிலேயே உட்கார்ந்து சுழல்கிறது. சக்கரம் வழுக்கி சுழற்சி அதன் உச்ச வரம்பான ரெவ் லிமிட்டரில் மோதும்போதெல்லாம் கிராங்கின் முறுக்கதிர்வை அந்தப் பொடி உலோகக் கியர் நேராக வாங்கும். உடைந்தால் எண்ணெய் அழுத்தம் ஒரு நொடியில் போய்விடும், அதற்கப்புறம் பேரிங்குகளைப் பற்றிப் பேசப் பயனில்லை. கெட்டி எஃகில் கடைந்த கியர் கிடைக்கிறது. டைமிங் செயின் கைடுகளை மாற்ற முன் கவரைத் திறக்கும் நாளில் இதையும் சேர்த்துச் செய்தால் கூலி ஒருமுறைதான். என்னைக் கேட்டால், ஈசியு டியூன் (எஞ்சின் கணினியில் பவரைக் கூட்டும் மாற்றம்) போடுவதற்கு முந்தைய வேலை இது. அதற்கு அடுத்துதான் எக்ஸாஸ்ட், இன்டர்கூலர், இன்ஜெக்டர் எல்லாம். மாற்றங்கள் அளவு மீறினால் மாநில விதிப்படி பொறியாளர் சான்று வாங்க வேண்டும். இன்சூரன்ஸ்காரருக்குச் சொல்லாத மாற்றம் விபத்து நாளில் உங்கள் தலையில்தான் விழும்.

பெட்ரோல் 98 ஆக்டேன் ஊற்றுங்கள். 91 ஊற்றினால் ஓடும், ஆனால் தவறான எரிதலைக் கண்டுபிடிக்கும் நாக் சென்சார் இக்னிஷன் நேரத்தைப் பின்னுக்கு இழுக்க, வாங்கிய பவரில் ஒரு பகுதி போயேபோய்விடும். டியூன் போட்ட வண்டியில் அந்தச் சிக்கனமே எஞ்சினுக்கு ஆபத்து. ஊருக்குள் 100 கிலோமீட்டருக்கு 15 லிட்டரை எதிர்பாருங்கள், திறந்த சாலையில் நிதானமாகப் போனால் 11-ஐ ஒட்டி வரும்.

தினசரிப் பயன்பாட்டில் இரண்டே இருக்கை, அவற்றின் பின்னால் ஒரு கைப்பைக்கும் குடைக்கும் இடம். தொட்டி கேபினிலிருந்து தனியாகக் கட்டியது, சரக்கேற்றும் சுமை அரை டன் அளவுக்குத்தான். உங்கள் வண்டியின் தகட்டில் உள்ள எண்ணைப் பாருங்கள், ஒரு டன் என்று நம்பிச் செங்கல் ஏற்றாதீர்கள். தொட்டியை மூடும் துணி டோனோ கவர் குளிரில் சுருங்கும், குளிர்ந்த மழை நாளில் மூலைப் பொத்தான்கள் பூட்ட வராது. வண்டியை வெயிலில் அரைமணி நிறுத்தி, துணி இளகியதும் பின்பக்க மூலைகளிலிருந்து பூட்டத் தொடங்கினால் வரும். கேபின் கூரைத் துணி பிரிந்து தலைமேல் தொங்குவதும் ஃபால்கனின் பரம்பரை வியாதி. பசை தெளித்து ஒட்டினால் நிற்காது, பழைய நுரையைச் சுரண்டிவிட்டுப் புதுத் துணி போட வேண்டும்.

விக்டோரியாவிலும் நியூ சவுத் வேல்ஸிலும் பி பிளேட் ஓட்டுநர்கள் (புதிதாகத் தற்காலிக உரிமம் பெற்றவர்கள்) ஒரு டன்னுக்கு 130 கிலோவாட்டுக்கு மேல் உள்ள வண்டியை ஓட்டக்கூடாது. இந்த யூட் அந்த எல்லைக்கு அப்பால். பிள்ளைக்கு வாங்கித் தரும் எண்ணமிருந்தால் டர்போ இல்லாத எக்ஸ்ஆர்6 யூட்டைப் பாருங்கள்.

வாங்கப் போகும்போது எஞ்சின் குளிர்ந்திருக்க வேண்டும் என்று முந்தைய நாளே சொல்லிவிடுங்கள். போனதும் பானட்டைத் தொட்டுப் பாருங்கள், சூடாக இருந்தால் எதையோ மறைக்கிறார்கள். முதல் வேலை கூலன்ட் மூடி. பிறகு ஸ்டார்ட் செய்து முன்பக்கம் செயின் கடகடப்பு சில நொடிகளில் அடங்குகிறதா என்று கேளுங்கள். ரேடியேட்டரின் பிளாஸ்டிக் மேல்தொட்டியில் முடிக்கோடு போன்ற வெடிப்பையும், தெர்மோஸ்டாட் உறையைச் சுற்றிக் காய்ந்த வெள்ளைப் படிவையும் டார்ச் அடித்துத் தேடுங்கள். ஓட்டும்போது வேகத்தடையில் முன்னால் டொக் என்றால் சஸ்பென்ஷனின் கீழ்க் கை புஷ்ஷோ பால் ஜாயின்டோ, அதை விலையில் கழிக்கலாம். ஒரு முறை முழு பூஸ்டில் ஏற்றிவிட்டு, அடுத்து வரும் சிக்னலில் பின்புறக் கண்ணாடியில் புகையைப் பாருங்கள். கடைசியாக வண்டிக்கு அடியில் படுத்து அந்த ஹீட் எக்ஸ்சேஞ்சர் இன்னும் இருக்கிறதா, இல்லை முன்னால் தனிக் கூலர் ஏறியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு விலை பேச எழுந்திருங்கள்.