பதினாலாம் பிரிவு

ஜூன் 9, 2025, திங்கள்
பம்ப் கம்பெனியில புது வேலைக்குக் கையெழுத்துக் கேக்கற ஒப்பந்தம், பதினோரு பக்கம். சம்பளம் ஒரு பக்கத்துல முடிஞ்சுது, மீதி பத்தும் கட்டுப்பாடுதான். 14-ஆம் பிரிவு: வேலையை விட்டபின் 2 வருசம் "பம்ப், மோட்டார் மற்றும் அவை சார்ந்த எத்தொழிலிலும்" இந்தியா முழுக்கச் சேரக் கூடாது. கோயமுத்தூர்ல பம்ப் டிசைன் தெரிஞ்சவன் அதை விட்டுட்டு எங்கே போவான், எருமை மேய்க்கவா?

ஜூன் 10
1872 ஒப்பந்தச் சட்டம், 27-ஆம் பிரிவு: ஒருத்தர் தொழில் செய்யறதைத் தடுக்கிற ஒப்பந்தம் அந்த அளவுக்குச் செல்லாது. வியாபாரத்தை அதன் நற்பெயரோட விக்கறவருக்கு மட்டும் விலக்கு. ஆனா வேலையில இருக்கிற காலத்துக்குப் போட்ட தடை நிக்கும். 1967 கோலிகாரி வழக்குல, கோலிகாரிங்கறவர் 5 வருச ஒப்பந்தத்தை நடுவுல விட்டுட்டுப் போட்டி ஆலைக்குப் போனவர். அந்தக் காலம் முடியற வரைக்கும் தடையை உச்ச நீதிமன்றம் ஏத்துக்கிச்சு. அதனால "3 வருச காலத்துக்கு நியமனம்"னு எங்காவது ஒளிஞ்சிருக்கான்னு தேடணும். இருக்கு. 2-ஆம் பக்கம், சின்ன எழுத்து.

ராத்திரி
14 செல்லாதுன்னா எதுக்குப் போடறாங்க? பயத்துக்கு.

ஜூன் 11
கேட்டு அனுப்பினது:
"3 வருச" வரியை எடுக்கணும். 14-க்குப் பதிலா, கடைசி 12 மாசத்துல நான் நேரடியாப் பழகின டீலர்களை 6 மாசம் இழுக்க மாட்டேன்னு எழுதலாம்.
ரகசியப் பிரிவுல முன்னமே தெரிஞ்சதும் கைத்திறனும் சேராதுன்னு ஒரு வரி. இம்பெல்லர் (பம்புக்குள்ள சுத்தற சக்கரம்) டிராயிங், வார்ப்புப் பேட்டர்ன், டெஸ்ட் பெஞ்ச் ரீடிங் அவங்களோடது. எந்த ஹெட்டுக்கு (தண்ணி ஏத்தற உயரம்) சக்கரத்து இதழோட கோணம் எவ்வளவு வைக்கணும்கிற கணக்கு எங்கூடவே வரும்.
பாண்டு, அதாவது 3 வருசத்துக்குள்ள நானா விட்டா நான் கட்டவேண்டியது, 3 லட்சம். இதைச் செல்லாதுன்னு சொல்லிரக் கூடாது. போன மாசம்தான் விஜயா வங்கி வழக்குல 2 லட்ச பாண்டை உச்ச நீதிமன்றம் செல்லும்னு சொல்லிச்சு. ஒப்பந்தச் சட்டம் 74-ஆம் பிரிவுப்படி எழுதின தொகை உச்சவரம்பு, கிடைக்கிறது நியாயமான ஈடு மட்டும். மாசம் 8,333 வீதம் குறையணும், அவங்களா நிறுத்தினா பாண்டு இல்லை.
நோட்டீஸ் ரெண்டு பக்கமும் 90 நாள்.

ஜூன் 12
எச்.ஆர். அம்மணி போன். "ரெண்டு செக் மட்டும் எதுவும் நிரப்பாம கையெழுத்துப் போட்டுக் குடுத்துருங்க சார், எல்லாருமே குடுக்கறாங்கோ."

14-ஐ வச்சு மூணு நாள் தூக்கம் கெட்டது வீண். நிஜக் கயிறு இதுதான். செக்குக்கெல்லாம் பொருந்தற மாற்றுமுறை ஆவணச் சட்டம், 20-ஆம் பிரிவு, கையெழுத்திட்ட வெத்துத் தாளை நிரப்பற உரிமையை வாங்கினவருக்கே குடுக்குது. 139, கடனுக்காகத்தான் குடுத்தான்னு முதல்லயே எடுத்துக்குது. இல்லைன்னு காட்டறது நம்ம தலையில. 138, பணமில்லாம செக் திரும்பினா 2 வருசம் வரை சிறை, அல்லது செக் தொகையில ரெண்டு மடங்கு வரை அபராதம், இல்லைன்னா ரெண்டும். குடுத்தே ஆகணும்னா தொகை, பேர், தேதி நிரப்பி, செக் நம்பரும் காரணமும் எழுதின கடிதத்துல அவங்க கையெழுத்து வாங்கிக்கணும். டிகிரி ஒரிஜினலைக் கேட்டா? காட்டலாம். நகல் குடுக்கலாம். அவ்வளவுதான்.

ஜூன் 13, வெள்ளி
மூணு மணிக்குப் பதில். 14-ல 2 வருசம் 1 ஆகிடுச்சு, பெரிய மனசு. பாண்டு மாசாமாசம் குறையும். "3 வருச" வரி போயிருச்சு. செக் பத்தி ஒரு எழுத்து இல்லை.

ஜூன் 14
அம்மா: "சாமி, போட்டுட்டயா?"

ஜூன் 15
நாளைக்குப் பத்து மணிக்கு வரச் சொல்லியிருக்காங்க. செக் புக் பீரோவுல. சாவி அம்மாகிட்ட.