திருகோணமலை ரயிலை ஓட்ட ஆட்கள் எங்கே?

கொழும்பு இரவு ரயில் நின்றுபோனால் திருகோணமலையில் எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: பாதை எப்போது சரியாகும்? எனக்கு அது பாதிக் கேள்வியாகத்தான் படுகிறது.

கணக்கைப் பாருங்கள். கொழும்புக்குச் சுமார் 300 கி.மீ. இங்கிருந்து ஒரு ரயில் இரவில் கிளம்ப, கொழும்புக் கோட்டையிலிருந்து இன்னொன்று இங்கே வரக் கிளம்புகிறது. தினமும் ஓட்டுவதென்றால் இரண்டு தொகுதிப் பெட்டிகளும் இரண்டு இஞ்சின்களும் வேண்டும். ஒன்று திருத்தத்துக்குப் போனால் மாற்றுக்கு மூன்றாவதும் வேண்டும். அந்த மூன்றாவதற்குத்தான் எப்போதும் தட்டுப்பாடு. 1954இல் கனடாவிலிருந்து வரத்தொடங்கிய எம்2 இஞ்சின்களில் சிலவற்றை இன்னும் நம்பியிருக்கிற நாடு இது.

சரி, இஞ்சினையாவது விலைக்கு வாங்கலாம். சாரதியை? அரச ஊழியரின் ஓய்வு வயதை 60ஆகக் குறைத்தபோது, 2022 டிசம்பர் 31உடன் அனுபவசாலிகள் பலர் ஒரேயடியாக வீட்டுக்குப் போனார்கள். 2023 ஜனவரி பிறந்ததும் ரயில்கள் ரத்தாகின. அப்படிப் போனவர்களில் என் பெரியப்பாவும் ஒருவர். “பாதை பழகாதவன் கையில இஞ்சினைக் குடுக்கேலாது, பிள்ளை” என்பார். எந்த வளைவில் வேகத்தைக் குறைப்பது, எந்தச் சிக்னல் எங்கே நிற்கிறது என்பதெல்லாம் இருட்டிலும் அத்துபடியாக இருக்க வேண்டும். கல்லோயாப் பக்கம் யானைகள் வேறு. 2025 பெப்ரவரியில் அங்கே மட்டக்களப்பு போகும் மீனகயா ரயில் யானைக் கூட்டத்தில் மோதி குறைந்தது 6 யானைகள் செத்தன, ரயிலும் தடம்புரண்டது. அந்தக் காட்டுக்குள் அவசரமாகப் பழக்கிய ஒருவரை இரவில் அனுப்புவதை என்னால் ஏற்கவே முடியாது.

வசதியான நாடுகளும் இதில் மாட்டிக்கொண்டன. அமெரிக்காவின் பயணிகள் ரயில் நிறுவனமான ஆம்ட்ராக் 2020 அக்டோபரில் தன் நெடுந்தூர ரயில்களில் பெரும்பாலானவற்றை வாரத்துக்கு 3 நாளாகக் குறைத்தது. 2021இல் அரசு பணம் கொடுத்ததும் தினசரிச் சேவை திரும்பியது. ஆனால் 2022 தொடக்கத்தில் ஆள் போதாமல் மறுபடியும் குறைக்க வேண்டி வந்தது.

அம்மாவைக் கொழும்புக்குக் கண் கிளினிக் கூட்டிப்போக எனக்கு இந்த ரயில்தான். பஸ்ஸில் அவவால் அவ்வளவு நேரம் இருக்க ஏலாது. அதனால் ரயில்வே திணைக்களத்திடம் கேட்கிறேன்: நின்ற சேவை மீண்டும் தொடங்கும் தேதியை அறிவிக்கும்போது, இந்தப் பாதைக்கு எத்தனை சாரதிகள், எத்தனை கார்ட்மார், மாற்று இஞ்சின் எங்கே நிற்கும் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். ஆள் போதாவிட்டால் வாரம் 4 நாள் மட்டும் ஓட்டுங்கள். எந்தெந்த நாள் என்று முன்கூட்டியே தெரிந்தால், கிளினிக் தேதியை நாங்கள் மாற்றி எடுத்துக்கொள்கிறோம்.