அம்மாவின் காலில் வெள்ளிக் கட்டு

அம்மாவின் வலது பாதத்தில், பெருவிரலுக்குக் கீழே இருந்த நீரிழிவுப் புண் கிருமி தொற்றி நாற்றமெடுத்தபோது, சத்திரசிகிச்சை நிபுணர் அழுகிய தசையை வெட்டி அகற்றிவிட்டு, அன்ரிபயோற்றிக் குளிசைகளோடு கண்ணுக்குத் தெரியாத அளவு நுண்ணிய வெள்ளித் துணிக்கைகள் (நனோ துணிக்கைகள்) படிந்த கட்டுத்துணியை இரண்டு வாரங்களுக்குப் போடுமாறு எழுதித் தந்தார். வெள்ளவத்தையில் காலி வீதி நெடுக நான்கு மருந்துக் கடைகள் ஏறி இறங்கிய பின்பே அது கிடைத்தது. விலையைக் கேட்ட அம்மா, "உந்தக் காசுக்கு வெள்ளிக் கொலுசே வாங்கலாம், தம்பி" என்றார்.

முதற்கட்டிலேயே பிழை விட்டவன் நான்தான். புண் என்றால் சேலைன் என்ற உப்புநீர்தான் என்பது எங்கள் வீட்டுப் பழக்கமாகையால், கட்டுத்துணியையும் சேலைனில் நனைத்தே வைத்தேன். மூன்றாம் நாள் கட்டு மாற்ற வந்த தாதி, பெட்டிக்குள் நான் பிரிக்காமலே விட்டிருந்த தாளை எடுத்து வாசித்துக் காட்டினார். துணி ஈரப்பட்டதும் அந்தத் துணிக்கைகளிலிருந்து வெள்ளி அயன்கள், அதாவது மின்னேற்றம் கொண்ட வெள்ளி அணுக்கள், பல நாட்களுக்குச் சிறிது சிறிதாக வெளியேறி, பற்றீரியாவின் வெளிச்சவ்வையும் அதன் உயிர்வேலைகளை நடத்தும் நொதியங்களையும் தாக்குகின்றன. சேலைனிலுள்ள குளோரைட்டு அயன்களோ அவற்றைப் பிடித்து, எளிதில் கரையாத வெள்ளிக் குளோரைட்டாக்கிவிடுகின்றன. ஆகவே துணியை நனைக்கக் கிருமியழித்த வெறும் நீரையே பயன்படுத்த வேண்டும். வசலின் போன்ற எண்ணெய்ப் பசை எதுவும் அதன் அருகே வரக்கூடாது. துணிக்கொரு விலை கொடுத்துவிட்டு, அதன் வலுவை நானே உப்புநீரில் குறைத்திருக்கிறேன்.

அடுத்த கட்டைப் பிரித்தபோது புண்ணைச் சுற்றித் தோல் சாம்பல் நிறமாயிருந்தது. அழுகல் திரும்பிவிட்டதோ என்று பதறினேன்; வெள்ளிக் கறைதான், ஈரத்துணியால் துடைத்ததும் பாதி போயிற்று.

பத்தாம் நாளளவில் நாற்றம் நின்றது. இரண்டு வாரம் முடிந்ததும் வைத்தியர் சாதாரணக் கட்டுக்கு மாற்றினார். தொற்று அடங்கியதோடு வெள்ளியின் வேலை முடிந்தது, அதற்கு மேல் புண்ணை விரைந்து ஆற்றும் என்பதற்குப் போதிய சான்றில்லை என்பது அவர் கருத்து. பின்னர் தேடி வாசித்தபோது, நாளங்களின் (இரத்தத்தை இதயத்துக்குத் திருப்பும் குழாய்களின்) கோளாறால் காலில் புண் வந்த 213 பேரிடம் பிரித்தானியாவில் நடத்தி 2009இல் வெளியிட்ட ஆய்விலும், 12 வாரங்களில் ஆறியோர் தொகையில் வெள்ளிக் கட்டுக்கும் வெள்ளியில்லாக் கட்டுக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை என்று அறிந்தேன். எங்கள் வீட்டில் கடினமாயிருந்தது சீனியைக் கட்டுப்படுத்தியதும், அந்தப் பாதத்தை நிலத்தில் ஊன்றாமல் அம்மாவை இருக்கவைத்ததுமே.

புண் மூன்றாம் மாதத்தில் மூடியது. மிஞ்சிய இரண்டு துண்டுகளையும் அம்மா நகைப்பெட்டிக்குள் வைத்திருக்கிறார்.