நான் அனுப்பாத பாக்கெட்டுகள்

2024 அக்டோபர் கடைசி வாரம். ராத்திரி பதினொன்றே முக்காலுக்கு, எனக்கு சர்வர் வாடகைக்குத் தரும் நிறுவனத்திடமிருந்து ஒரு மின்னஞ்சல் வந்தது. என் ஐபி முகவரியிலிருந்து யாருடைய நெட்வொர்க்கிலோ 22-ஆம் போர்ட்டை வரிசையாகத் தட்டிப் பார்த்திருக்கிறார்களாம். 24 மணி நேரத்துக்குள் விளக்கம் தராவிட்டால் சர்வரை நிறுத்திவிடுவார்களாம். 22 என்பது எஸ்எஸ்எச் போர்ட், தூரத்திலிருந்து ஒரு சர்வருக்குள் நுழைந்து வேலை செய்யும் வாசல். அதை வரிசையாகத் தட்டுவது, பூட்டாத வீடு கிடைக்குமா என்று தெருவில் ஒவ்வொரு கதவாக அசைத்துப் பார்க்கிற வேலை.

அந்த சர்வரில் ஓடுவது ஒன்றே ஒன்றுதான்: இணையத்தில் ஆள் தெரியாமல் உலவ உதவும் டார் நெட்வொர்க்கின் ஒரு ரிலே, அதாவது வருவதை வாங்கி அடுத்த இடத்துக்குக் கைமாற்றும் கண்ணி. அப்போது அதற்கு மூன்று வயது.

தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். டார் பிரவுசரில் ஒரு பக்கத்தைத் திறந்தால், கோரிக்கை நேராக அந்தத் தளத்துக்குப் போகாது. மூன்று அடுக்குக் குறியாக்கத்தோடு மூன்று ரிலேக்களைத் தாண்டிப் போகும். முதல் ரிலேவுக்கு அனுப்புகிறவர் முகவரி தெரியும், போகிற இடம் தெரியாது. கடைசி ரிலேவுக்குப் போகிற இடம் தெரியும், அனுப்பியவர் தெரியாது. நடுவில் இருப்பதற்கு இரண்டுமே தெரியாது. இந்த யோசனை 1990களில் அமெரிக்கக் கடற்படை ஆய்வுக்கூடத்தில் பிறந்தது. இன்று ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட ரிலேக்கள் ஓடுகின்றன. பெரும்பாலும் என்னைப் போல யாராவது தன் காசில், தன் நேரத்தில் ஓட்டுபவைதான்.

வழக்கமாகப் புகார் வருவது கடைசி ரிலேவுக்கு, அதாவது எக்ஸிட்டுக்கு. இணையதளத்தின் கண்ணில் படுவது அதன் ஐபிதானே. என்னுடையது எக்ஸிட் இல்லை. அதற்குள் வருவதெல்லாம் இன்னொரு ரிலேவுக்குத்தான் போகும், வெளி இணையத்துக்குப் போக வழியே கிடையாது. அதனால்தான் அந்தக் கடிதம் என்னை உலுக்கியது. டார் இதைச் செய்திருக்க முடியாது என்றால், சர்வருக்குள் வேறு யாரோ புகுந்துவிட்டார்களா?

இணையத்தில் தரவு பாக்கெட் என்ற சிறு துண்டுகளாகத்தான் போகும். உடனே உள்ளே போய், சர்வருக்கு வருகிற போகிற பாக்கெட்டுகளைக் காட்டும் டிசிபிடம்ப் என்ற கருவியை ஓடவிட்டேன். என் சர்வரிலிருந்து வெளியே எந்த 22-ஆம் போர்ட்டுக்காவது இணைப்புக் கோரிக்கை போகிறதா என்று அரை மணி நேரம் பார்த்தேன். ஒன்றுகூட இல்லை. சரி, எதிர்த்திசையில் பார்ப்போமே என்று, 22-ஆம் போர்ட்டிலிருந்து உள்ளே வருவதை வடிகட்டினேன். அங்கேதான் இருந்தது விஷயம். நான் கேள்விப்பட்டே இராத நெட்வொர்க்குகளிலிருந்து பதில் பாக்கெட்டுகள் வந்துகொண்டிருந்தன. 'உன் கோரிக்கை கிடைத்தது, மேலே சொல்' என்று சில, 'இங்கே யாரும் இல்லை' என்று சில. கேள்வியே கேட்காத எனக்குப் பதில்கள் வருகின்றன.

அப்பா ஆர்எம்எஸ்ஸில், அதாவது ரயில்வே தபால் சேவையில் வேலை பார்த்தவர். திருச்சியிலிருந்து புறப்படும் ரயில்களில் இரவு முழுக்க நின்றுகொண்டே தபால் பிரித்தவர். காலையில் காப்பி குடிக்கும்போது அவரிடம் இதைச் சொன்னேன். கம்ப்யூட்டர் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது. "இதுல என்ன இருக்கு? எவனோ அனுப்புநர் இடத்துல உன் அட்ரஸை எழுதிப் போட்டிருக்கான். திரும்புற கடுதாசியெல்லாம் உன் வீட்டுக்கு வருது" என்றார். நான் அரை இரவு உட்கார்ந்து கண்டுபிடித்தது அதேதான். பாக்கெட்டின் அனுப்புநர் முகவரியைப் போலியாக எழுத முடியும். அதைத் தடுக்க வேண்டியது அந்தப் பாக்கெட் புறப்படும் நெட்வொர்க்கின் பொறுப்பு. பல நெட்வொர்க்குகள் அதைச் செய்வதில்லை.

விளக்கக் கடிதத்தோடு டிசிபிடம்ப் பதிவிலிருந்து 22-ஆம் போர்ட்டுக்கு என் சர்வர் எதுவும் அனுப்பாததையும் கேட்காத பதில்கள் அதற்கு வந்ததையும் காட்டும் சில வரிகளை மட்டும் இணைத்தேன். மற்ற ரிலேக்களின் இணைப்புகள் எதுவும் அதில் தெரியாதபடி வடிகட்டிவிட்டுத்தான் கொடுத்தேன். இரண்டு நாள் பதில் இல்லை. அந்த இரண்டு நாளும் சாவிகளின் பிரதி பத்திரமாக இருக்கிறதா என்று திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு ரிலேவின் அடையாளம் அதன் ஐபி இல்லை, கீஸ் என்ற அடைவில் இருக்கும் சில சிறிய கோப்புகள்தான். அவை இருந்தால் வேறு சர்வரில் அதே ரிலேவை எழுப்பிவிடலாம். தொலைந்தால் மூன்று வருடம் சேர்த்த நம்பிக்கை போயிற்று, முதல் நாளிலிருந்து தொடங்க வேண்டும். ரிலே ஓட்ட ஆசைப்படுகிறவர்களிடம் நான் முதலில் சொல்வது இதைத்தான்: அந்தக் கோப்புகளை இன்றைக்கே வேறொரு இடத்தில் எடுத்துவையுங்கள்.

மூன்றாம் நாள் நிறுவனம் புகாரை மூடியது. இது எனக்கு மட்டும் நடந்ததில்லை என்பது அப்புறம்தான் தெரிந்தது. டார் ரிலேக்களின் முகவரிகள் எல்லாம் பொதுப் பட்டியலில் இருப்பவை. அந்த முகவரிகளைப் போலியாக எழுதி யாரோ உலகம் முழுக்க 22-ஆம் போர்ட்டைத் தட்டியிருக்கிறார்கள். வாடகை நிறுவனங்கள் பயந்துபோய் ரிலேக்களை மூடிவிட வேண்டும் என்பதுதான் நோக்கம். டார் திட்டத்தினர் மற்றவர்கள் உதவியோடு மூலத்தைக் கண்டுபிடித்து நவம்பர் 7 அன்று நிறுத்தினார்கள். ஒரு ரிலேவையும் உடைக்காமல், புகார் கடிதங்களை வைத்தே ஒரு வலையை அறுக்கப் பார்த்திருக்கிறார்கள். இன்றைக்கு நினைத்தாலும் கோபம் வருகிறது. அந்த வலையை நம்பித்தான் எங்கோ ஒருவர் தன் நாட்டில் முடக்கப்பட்ட செய்தியைப் படித்துக்கொண்டிருப்பார்.

ரிலேவை ஏன் வீட்டிலேயே ஓட்டவில்லை என்று நண்பர்கள் கேட்பார்கள். என் வீட்டு இணைப்புக்குத் தனி ஐபி கிடையாது. பலர் ஒரே ஐபியைப் பகிர்வதால் வெளியிலிருந்து யாரும் உள்ளே இணைய முடியாது. தனி ஐபி இருந்தாலும், அது ரிலே பட்டியலில் ஏறிவிட்டால் சில தளங்கள் அந்த வீட்டையே தடுத்துவிடும். வீட்டில் இருப்பவர்களுக்கு ஸ்னோஃப்ளேக் நல்ல வழி, டார் முடக்கப்பட்ட இடங்களில் இருப்பவர்களை நம் கணினி வழியாக டாருக்குள் சேர்க்கும் கருவி அது. பிரவுசரில் ஒரு நீட்சியைச் சேர்த்தால் போதும், 2022 செப்டம்பரில் ஈரானில் தடைகள் இறுகியபோது மக்களுக்குப் பெரிதும் கைகொடுத்தது அதுதான். என் வீட்டுக் கணினியில் அது ஓடுகிறது. ரிலேவை மட்டும் பால்டிக் கடலோரத்துச் சிறு நாடு ஒன்றில் வைத்திருக்கிறேன். ஜெர்மனியில் ஏற்கெனவே ரிலேக்கள் குவிந்து கிடக்கின்றன. எல்லாம் ஒரே ஊரில் இருந்தால் ஒரே கை எல்லாவற்றையும் பார்த்துவிடலாம்.

ஆரம்பத்தில் பொறுமை வேண்டும். முதல் மூன்று நாள் ஏறக்குறைய எந்தப் போக்குவரத்தும் வராது. அளவிடும் சர்வர்கள் வேகத்தைப் பார்த்த பிறகு மெல்ல ஏறும். 'கார்ட்' என்ற கொடி கிடைத்ததும், அதாவது முதல் ரிலேவாகவும் இருக்கத் தகுதி வந்ததும், போக்குவரத்து சட்டென்று குறையும். எனக்கும் அப்படித்தான் ஆனது. ஏதோ உடைந்துவிட்டது என்று நினைத்து இரண்டு முறை மறுதொடக்கம் செய்தேன், அது தவறு. ஒருவருடைய பிரவுசர் தன் கார்டை மாதக்கணக்கில் மாற்றாது. அதனால் புதிய கார்டிடம் ஆட்கள் மெதுவாகத்தான் வந்து சேர்வார்கள். இரண்டு மாதம் போல ஆகும், விட்டுவிடுங்கள்.

நான்காவது மாதம் வேறொரு பாடம். என் திட்டத்தில் மாதம் 20 டெராபைட். அதையே டாரின் உச்சவரம்பாக எழுதியிருந்தேன். டார் இயல்பாக, போனது வந்தது இரண்டில் எது அதிகமோ அதை மட்டும் கணக்கிடும். நிறுவனமோ இரண்டையும் கூட்டுகிறது. 21-ஆம் தேதியே ஒதுக்கீடு தீர்ந்து வேகம் குறைந்துவிட்டது. இப்போது கணக்கு விதியைக் கூட்டல் முறைக்கு மாற்றி, வேகத்தை நொடிக்கு 3.5 மெகாபைட்டில் கட்டிவைத்திருக்கிறேன். மாதம் முழுக்கச் சீராக ஓடும் ரிலேதான் பயனாளருக்கு நல்லது. இருபது நாள் பறந்துவிட்டு பத்து நாள் படுத்துக்கிடப்பதால் யாருக்கும் பயனில்லை.

கண்காணிப்பு பற்றித்தான் அதிகம் சொல்ல வேண்டும். தொடக்கத்தில் எல்லாவற்றையும் பார்த்துவிட வேண்டும் என்ற ஆர்வம். நிமிடத்துக்கு ஒருமுறை போக்குவரத்தை அளந்து, அழகான வரைபடமாக்கி, என் தளத்தில் எல்லோரும் பார்க்கும்படி வைத்தேன். பெருமையாக இருந்தது. அப்புறம் டாரின் ஆவணங்களைப் படிக்கையில் ஒரு கேள்வி உறைத்தது. ரிலேக்கள் தங்கள் போக்குவரத்து வரலாற்றை ஏன் 24 மணி நேரத் தொகையாக மட்டும் வெளியிடுகின்றன? ஒரு பக்கம் ஒருவர் அனுப்பிய நேரமும், இன்னொரு பக்கம் ஏதோ வந்து சேர்ந்த நேரமும் யாரிடமாவது இருந்தால், என் நிமிட வரைபடம் இரண்டையும் இணைக்கும் நூலாகிவிடலாம். குறியாக்கத்தை உடைக்கவே தேவையில்லை. அன்றே வரைபடத்தை எடுத்துவிட்டு, சேமித்த தரவையும் அழித்தேன். நிக்ஸ் என்ற கண்காணிப்புக் கருவியைத் திறந்தால், பயனாளர்களின் முகவரி இருக்க வேண்டிய இடத்தை அது தானாகவே மறைத்துவிடும். அதை எழுதியவர்கள் இதை முன்பே யோசித்திருக்கிறார்கள்.

அப்பா சொல்வார், ரயிலில் மூடிய பை வந்தால் அரக்கு முத்திரை சரியாக இருக்கிறதா, பட்டியலில் எண் பொருந்துகிறதா, அவ்வளவுதான் பார்க்க வேண்டும் என்று. உள்ளே என்ன என்பது அந்தப் பெட்டியில் நிற்கிறவர் வேலை இல்லை. பையை நனையாமல், தவறான ஸ்டேஷனில் இறக்காமல் அடுத்தவர் கையில் கொடுக்க வேண்டும்.

இப்போது நான் பார்ப்பது கொஞ்சம்தான். ரிலே உயிரோடு இருக்கிறதா, கொடிகள் இருக்கின்றனவா, நினைவகம் நிரம்புகிறதா, கடிகாரம் சரியா, புதிய டார் பதிப்பு ஏறிவிட்டதா. ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை தன் பதிவுக் கோப்பில் டார் ஒரு வரி எழுதும், எத்தனை நாளாக ஓடுகிறது, எவ்வளவு அனுப்பியது, எவ்வளவு பெற்றது என்று. காலையில் அதைப் படித்துவிட்டு மூடிவிடுவேன். இன்றைய வரியில் 41 நாள். நாளை சர்வரின் இயங்குதளமான டெபியனின் கெர்னல் மேம்படுத்தலுக்காக மறுதொடக்கம் செய்ய வேண்டும், மறுபடி பூஜ்யத்திலிருந்து எண்ணத் தொடங்கும்.