டெக்லானிகா ஆற்றங்கரை வரை

டெக்லானிகா ஆற்றில் மணிக்கட்டு வரைதான் கையை விட்டேன், விரல்கள் கண்ணுக்குத் தெரியவில்லை. சாம்பலைக் கரைத்து ஊற்றிய மாதிரி நிறம். பனிப்பாறைகள் மலையை அரைத்து அரைத்து அனுப்புகிற கல்மாவு அது. ஒரு நிமிடம்கூடக் கையை வைத்திருக்க முடியவில்லை, எலும்பு வரை வலித்தது. பேருந்தில் கூட வந்தவர்கள் எல்லோரும் கரடியையும் டெனாலி சிகரத்தையும் பார்க்க வந்தவர்கள். நான் இந்தத் தண்ணீரைப் பார்க்கத்தான் அலாஸ்காவுக்கு வந்தேன்.

காரணம் ஒரு படம். 2007-ல் ஷான் பென் இயக்கிய 'இன்டு தி வைல்ட்'. நான்கு முறை பார்த்துவிட்டேன். கதை நிஜமாக நடந்தது. கிறிஸ் மெக்கண்டலஸ் என்ற இளைஞன் 1990-ல் எமரி பல்கலைக்கழகத்தில் பட்டம் வாங்கிய கையோடு, சேமிப்பில் இருந்த சுமார் 24,000 டாலரை ஆக்ஸ்ஃபாம் என்ற தொண்டு நிறுவனத்துக்குக் கொடுத்துவிட்டு, வீட்டுக்கு ஒரு வார்த்தை சொல்லாமல் கிளம்பிவிட்டான். அரிசோனா பாலைவனத்தில் காரை விட்டான், கையில் மிச்சம் இருந்த நோட்டுகளைக் கொளுத்தினான், பெயரைக்கூட மாற்றிக்கொண்டான். இரண்டு வருட அலைச்சல். 1992 ஏப்ரல் கடைசியில் ஒரு துப்பாக்கியும் ஒரு மூட்டை அரிசியும் எடுத்துக்கொண்டு அலாஸ்காவில் ஹீலி என்ற ஊருக்கு மேற்கே ஸ்டாம்பீட் டிரெயில் என்ற பழைய பாதையில் நடந்து காட்டுக்குள் போனான். அங்கே கைவிடப்பட்டுக் கிடந்த ஒரு நகரப் பேருந்தில் தங்கினான். செப்டம்பரில் வேட்டைக்கு வந்தவர்கள் அவன் உடலைத்தான் பார்த்தார்கள். வயது 24.

முதல் முறை பார்த்தபோது எனக்கும் அதே வயது. அவன் பணத்தைக் கொளுத்துகிற காட்சியில் எனக்கு மூச்சே நின்றுவிட்டது. நாளைக்கே நானும் கிளம்பிவிடலாம் போலிருந்தது, ஒரு வாரத்துக்கு அதே நினைப்பாகத் திரிந்தேன். அந்த வயதில் படத்தின் முதல் பாதியை மட்டும்தான் பார்த்திருக்கிறேன் என்று இப்போது தோன்றுகிறது.

இந்தப் பயணத்துக்கு அக்காவும் வந்தாள். அவளுக்கு அந்தப் படம் பிடிக்காது. பிடிக்காது என்பதைவிட, தாங்க முடியாது. "நீ அந்தப் பையனையே பாக்குறடா. நான் அவங்க வீட்டைப் பாக்குறேன்" என்பாள். அவள் பையனுக்குப் பதினாறு வயது.

ஆங்கரேஜிலிருந்து ஹீலிக்குச் சுமார் 400 கிலோமீட்டர், பார்க்ஸ் நெடுஞ்சாலையில் நேராக வடக்கே. ஜூலை என்பதால் இரவு என்று ஒன்று ஒழுங்காக வரவே இல்லை. பத்தரை மணிக்கும் மலைமுகட்டில் வெயில் இருந்தது. வழியில் கான்ட்வெல் என்ற சிற்றூர் வருகிறது, படத்தின் பேருந்துக் காட்சிகளை அந்தப் பக்கத்தில்தான் எடுத்தார்கள். உண்மையான இடத்தில் எடுக்க வேண்டாம் என்று முடிவு செய்தது எனக்குப் பெரிய மரியாதையாகப் படுகிறது.

அந்தப் படத்துக்காகச் செய்த மாதிரிப் பேருந்து இப்போது ஹீலியில் ஒரு மதுபான விடுதியின் முற்றத்தில் நிற்கிறது. அசல் பேருந்து 1940-களில் செய்தது, ஃபேர்பேங்க்ஸ் நகரில் ஓடியது, எண் 142. சாலை போடும் தொழிலாளர்கள் தங்குவதற்காக 1960 வாக்கில் காட்டுக்குள் இழுத்துப்போய் அங்கேயே விட்டுவிட்டார்கள். படம் வந்தபிறகு அதைத் தேடி உலகம் முழுவதிலிருந்தும் ஆட்கள் நடந்தார்கள். 2010-லும் 2019-லும் அப்படிப் போன இரண்டு பெண்கள் இதே டெக்லானிகாவில் அடித்துச் செல்லப்பட்டு இறந்தார்கள், இன்னும் எத்தனையோ பேரைத் தேடி மீட்க வேண்டி வந்தது. கடைசியில் 2020 ஜூனில் ராணுவ ஹெலிகாப்டர் வந்து பேருந்தைத் தூக்கிக்கொண்டு போய்விட்டது. இப்போது அது ஃபேர்பேங்க்ஸ் அருங்காட்சியகத்தின் பொறுப்பில் இருக்கிறது. எடுத்தது சரிதான் என்று நினைக்கிறேன். அந்தப் பெண்களின் வீடுகளிலும் யாரோ காத்திருந்திருப்பார்கள் இல்லையா.

மாதிரிப் பேருந்துக்கு வெளியே நிறையப் பேர் மெக்கண்டலஸ் மாதிரியே காலை மடக்கி, பேருந்தில் சாய்ந்து உட்கார்ந்து படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். அசல் புகைப்படம் அவனே எடுத்துக்கொண்டது. அவன் இறந்தபிறகு கேமராவில் இருந்த ஃபிலிமைக் கழுவியபோது கிடைத்தது, ஷான் பென்னின் படமும் அந்த முகத்தோடுதான் முடிகிறது. அக்கா உள்ளே போனாள், ஐந்து நிமிடத்தில் வெளியே வந்துவிட்டாள். எதுவும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

மறுநாள்தான் ஆறு. டெனாலி தேசியப் பூங்காவின் சாலையில் 15 மைலுக்கு மேல் சொந்தக் கார் போக முடியாது, பூங்காவின் பேருந்தில்தான் போக வேண்டும். முப்பதாவது மைல் பக்கத்தில் டெக்லானிகா வருகிறது. இங்கே ஆறு அகலமான கூழாங்கல் பரப்பில் பின்னல் அவிழ்ந்த முடி மாதிரி பல கிளைகளாகப் பிரிந்து ஓடுகிறது, பார்க்க ஒன்றும் பயமாக இல்லை. ஆனால் இதே தண்ணீர் வடக்கே போகப்போக ஒன்றுசேர்ந்து, ஸ்டாம்பீட் டிரெயிலைக் கடக்கிற இடத்தில் ஒரே ஓட்டமாக இறுகிவிடுகிறது. கோடையில் பனிப்பாறை உருக உருகத் தண்ணீர் ஏறும், ஒரே நாளிலேயே விடியற்காலையில் குறைந்தும் மாலையில் கூடியும் இருக்கும். மெக்கண்டலஸ் உள்ளே போன ஏப்ரலில் பாதி உறைந்து கிடந்த ஆறு இது. சுலபமாகக் கடந்துவிட்டான்.

படத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் அவன் போனதைப் பற்றியே பேசுகிறார்கள். வீரன் என்கிறார்கள், இல்லாவிட்டால் முட்டாள் என்கிறார்கள். அவன் திரும்பி வரக் கிளம்பியதை யாரும் பெரிதாகப் பேசுவதில்லை. காட்டில் இரண்டு மாதம் இருந்தது போதும் என்று ஜூலை 3-ஆம் தேதி மூட்டை கட்டிவிட்டான். இரண்டு நாள் நடந்து ஆற்றங்கரைக்கு வந்தால், ஏப்ரலில் பார்த்த ஆறு அங்கே இல்லை. தனியாக இருக்கிறேன், பயமாக இருக்கிறது என்று தன் குறிப்பில் எழுதிவிட்டுப் பேருந்துக்கே திரும்பினான். அங்கிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் ஆற்றின் குறுக்கே கம்பியில் தொங்கும் ஒரு கூடை இருந்தது, நீரளவு எடுக்கிறவர்கள் கையால் இழுத்துக்கொண்டு அக்கரை போவதற்கு வைத்தது. அவனிடம் விவரமான வரைபடம் இல்லை, அதனால் தெரியவில்லை. ஆகஸ்ட் பாதியில் எல்லாம் முடிந்துவிட்டது.

மெக்கண்டலஸாக நடித்த எமில் ஹிர்ஷ் அந்த ஆற்றின் முன்னால் நிற்கிற காட்சி படத்தில் கொஞ்ச நேரம்தான். ஆனால் நான்காவது முறை பார்த்தபோது எனக்கு அது மட்டும்தான் படமாக இருந்தது. அதற்கு முன்னால் வருகிற இன்னொரு காட்சியும்தான்: அலைச்சலில் அவனுக்குப் பழக்கமான ஒரு பெரியவர், ஹால் ஹால்புரூக் நடித்தது, வண்டியில் உட்கார்ந்துகொண்டு, உன்னைத் தத்து எடுத்துக்கொள்ளட்டுமா என்று தயங்கித் தயங்கிக் கேட்கிறார். அலாஸ்காவிலிருந்து வந்தபிறகு பேசலாம் என்கிறான் இவன். அவர் கண்ணில் நீர் கட்டி நிற்கும். 'வந்தபிறகு' என்று அவன் சொன்னது ஒப்புக்கு இல்லை, நிஜமாகவே வரக் கிளம்பியவன்தானே.

ஆற்றங்கரையில் உட்கார்ந்து இதையெல்லாம் அக்காவிடம் சொன்னேன். அவள் கூழாங்கல் ஒன்றைக் கையில் உருட்டியபடியே கேட்டுக்கொண்டிருந்தாள். அப்புறம், "அந்தப் படத்துல கதை சொல்றது யாரு?" என்றாள்.

அவன் தங்கை. படம் முழுக்கப் பின்னணியில் பேசுவது கரீன் என்ற தங்கையின் குரல்தான். வீட்டிலிருந்து போட்ட கடிதங்கள் எல்லாம் கட்டாகத் திரும்பி வருகிற இடம்கூட அவள் குரலில்தான் வரும். ஆகஸ்ட் வரை தனக்கு வரும் தபால்களை வைத்திருந்து, பிறகு திருப்பி அனுப்பும்படி அஞ்சலகத்தில் எழுதிக்கொடுத்துவிட்டுப் போயிருந்தான், தேட ஆரம்பிப்பதற்குள் தூரமாகப் போய்விட. நான்கு முறை பார்த்தவன் நான், இது ஒரு தங்கை சொல்கிற கதை என்பதே உறைக்கவில்லை. அக்கா ஒரு முறைதான் பார்த்தாள்.

மூன்றாம் நாள் ஸ்டாம்பீட் சாலை. ஹீலிக்குக் கொஞ்சம் வடக்கே நெடுஞ்சாலையிலிருந்து பிரிகிறது. முதலில் தார், அப்புறம் சரளைக்கல், எய்ட்மைல் ஏரிப் பக்கம் சாதாரண வண்டி போகிற வழி முடிந்துவிடுகிறது. அதற்கு மேல் சேறும் தண்ணீரும் குட்டையான ஸ்ப்ரூஸ் மரங்களும்தான். சாலையோரம் எல்லாம் ஃபயர்வீட் பூ, கத்தரிப்பூ நிறத்தில். ஒரு மணி நேரம் மட்டும் நடந்துவிட்டு வருகிறேன் என்று அக்காவிடம் சொன்னேன். அரை மணி போக, அரை மணி வர. இரண்டு பேர் போனிலும் சிக்னல் இல்லை. கரடி விரட்டும் ஸ்ப்ரேயைத் தானே என் பெல்ட்டில் மாட்டிவிட்டாள்.

உள்ளே நடந்தபோது சந்தோஷமாக இருந்தது என்பதை மறைக்க விரும்பவில்லை. பாதையை மூடிக் கிடந்த ஒரு குட்டையைச் சுற்றிப்போனேன், பூட்ஸுக்குள் தண்ணீர் ஏறியது, கொசு முகத்தை மொய்த்தது, எதுவும் பொருட்டாக இல்லை. முன்னால் மேடு ஏறி இறங்கிப் போகிற அந்தக் கோட்டைப் பார்த்தபோது, 24 வயதில் மூச்சு நின்றதே, அதே மாதிரி இருந்தது. அந்த மேடு வரை, அப்புறம் அதற்கு அடுத்த மேடு வரை என்று போய்விட்டேன். மணி பார்த்துத் திரும்பி, ஓட்டமும் நடையுமாக வந்து சேர்ந்தபோது சொன்ன நேரத்துக்கு மேல் நாற்பது நிமிடம் ஆகியிருந்தது.

அக்கா காருக்குள் இல்லை. பாதை ஆரம்பிக்கிற இடத்தில், சேற்றிலேயே நின்றுகொண்டிருந்தாள். கையில் என் ஜாக்கெட். அவள் செருப்புக் காலில் கணுக்கால் வரை சேறு, என்னைத் தேடிக் கொஞ்சதூரம் வந்துவிட்டுத் திரும்பியிருக்கிறாள். திட்டுவாள் என்று நினைத்தேன். ஜாக்கெட்டை என் தோளில் போட்டு, கழுத்து வரை ஜிப்பை இழுத்துவிட்டாள். அவள் விரல்கள் ஜில்லென்று இருந்தன.

"வா, போலாம்" என்றாள்.