நீ போ, நான் வர்றேன்

2024 ஆகஸ்ட் 18, ஞாயிறு

பணம் கட்டியாயிற்று. மும்பை மாரத்தான், முழு தூரம், வருகிற ஜனவரி 19. எனக்கு 46, இவருக்கு 51. அரை மாரத்தானைத் தாண்டி இரண்டு பேரும் ஓடியதில்லை. அதிலும் போன முறை இவர் கடைசி இரண்டு கிலோமீட்டரை நடந்தே முடித்தார்.

பாளையங்கோட்டைக்குப் போன் போட்டு அம்மாவிடம் சொன்னேன்.

"எத்தனை கிலோமீட்டர்ட்டீ?"

"நாப்பத்திரண்டு."

"இங்கேர்ந்து அம்பாசமுத்திரத்தையும் தாண்டிப் போயிருமே! பஸ்ஸுல போனாலே இடுப்பு விட்டுப் போகுது. மாப்பிள்ளையும் ஓடுதாரா?"

"ரெண்டு பேரும்தான்."

"அப்பம் சரி. சேர்ந்து ஓடுங்க. அவரை விட்டுட்டு நீ முன்னாடி ஓடிராத."

அம்மாவுக்கு என்னைத் தெரியும்.

2024 செப்டம்பர் 8, ஞாயிறு

நேற்று பிள்ளையார் சதுர்த்தி. கொழுக்கட்டை கணக்கு வேண்டாம். இன்று 14 கி.மீ.

மும்பையில், மாட்டுங்காவில் குடியிருப்பதில் ஒரு வசதி, வீட்டை விட்டு இறங்கினால் ஃபைவ் கார்டன்ஸ். மரமும் நிழலும் உண்டு, வண்டி குறைவு. மழைக்காலத்தில் இன்னொரு விஷயமும் உண்டு: கிங்ஸ் சர்க்கிள் பக்கம் தண்ணீர் நின்றுவிடும், அதனால் எத்தனை கிலோமீட்டரானாலும் அதே தோட்டங்களையே சுற்ற வேண்டும். செக்கு மாடு தோற்றது. மூன்றாவது சுற்றிலேயே ஷூ ஊறிப் பொதபொதவென்று ஆகிவிட்டது. வீட்டுக்கு வந்து பழைய பேப்பரைச் சுருட்டி உள்ளே திணித்து மின்விசிறிக்கு அடியில் வைத்திருக்கிறேன். நான்கு ஷூ, நான்கு பேப்பர் உருண்டை. வீட்டு வேலைக்கு வரும் பெண் பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டாள்.

ஜோடியாக ஓடுகிறோம் என்று எல்லோரிடமும் சொல்லிக்கொள்கிறோம். நடப்பது என்னவென்றால், நான் நூறு அடி முன்னால், இவர் நூறு அடி பின்னால். என் இயல்பு வேகம் கிலோமீட்டருக்கு ஏழே கால் நிமிஷம், இவருக்கு ஏழே முக்கால். அரை நிமிஷம்தானே என்று தோன்றும். பத்து கிலோமீட்டரில் அது ஐந்து நிமிஷம். அவர் வேகத்துக்கு நான் இறங்கினால் கால் எங்கே வைப்பது என்று தெரியாமல் தடுமாறுகிறது. என் வேகத்துக்கு அவர் ஏறினால் பேச்சு நின்றுவிடுகிறது.

2024 அக்டோபர் 20, ஞாயிறு

சண்டை. எழுதாமல் விட்டால் ஜனவரியில் மறந்துவிடுவேன், அதனால் எழுதுகிறேன்.

வொர்லி கடற்கரைச் சாலை வரை போய்த் திரும்பி, மொத்தம் 24 கி.மீ. மும்பை அக்டோபர் என்பது இரண்டாவது கோடை. மழை போயிருக்கும், காற்று வந்திருக்காது. ஏழு மணிக்கே சட்டையில் உப்பு வரி வரியாகப் பூத்துவிட்டது. எலுமிச்சம்பழம், உப்பு, சர்க்கரை கலந்து ஆளுக்கு ஒரு பாட்டில் கொண்டு போயிருந்தோம். வெறும் தண்ணீரை மடக் மடக் என்று குடித்துக்கொண்டே ஓடினால் ரத்தத்தில் சோடியம் நீர்த்துப்போய் மயக்கம்வரை போகலாம் என்று படித்ததிலிருந்து இந்த ஏற்பாடு.

நான் திருப்பத்துக்குத் திருப்பம் நின்று, இவர் வருகிறாரா என்று பார்த்துவிட்டு அப்புறம் ஓடினேன். அக்கறையில்தான். நான்காவது தடவை நின்றபோது வந்தவர், குனிந்து முட்டியைப் பிடித்துக்கொண்டு, "நீ நின்னு பார்க்கிறப்போதான் எனக்கு மூச்சு வாங்குது. போயேன்" என்றார். போய்விட்டேன், கோபத்தில், நல்ல வேகத்தில். நான் வீட்டில் இட்லிக்குத் தட்டு வைத்த பிறகுதான் இவர் வந்து சேர்ந்தார். சாப்பிடும்வரை பேச்சு இல்லை.

சாயங்காலம் காபி குடித்துக்கொண்டே ஒப்பந்தம் போட்டோம். மாரத்தான் அன்று 30 கி.மீ. வரை அவர் வேகத்தில் இரண்டு பேரும். அதற்குப் பிறகு அவரவர் கால், அவரவர் பாடு. யாரும் யாருக்கும் நிற்கக்கூடாது. நின்றால் அபராதம்: ஒரு மாசப் பாத்திரம்.

2024 நவம்பர் 3, ஞாயிறு

தீபாவளிப் புகை இன்னும் கலையவில்லை. தொண்டை கரகரப்பு. 8 கி.மீ. போதும் என்று திரும்பிவிட்டோம். முறுக்கு மிச்சம் நிறைய இருக்கிறது.

2024 டிசம்பர் 15, ஞாயிறு

32 கி.மீ.! இதுதான் பயிற்சியிலேயே அதிக தூரம். இதற்கு மேல் மாரத்தான் அன்றுதான்.

இவருக்கு ஒரு மாசமாகப் புது மதம். நான்கு நிமிஷம் ஓட்டம், ஒரு நிமிஷம் நடை. 1972 ஒலிம்பிக்கில் 10,000 மீட்டர் ஓடிய ஜெஃப் காலோவே என்ற அமெரிக்கர் பரப்பிய முறை. களைத்த பிறகு நடப்பதல்ல, களைப்பதற்கு முன்பே, முதல் கிலோமீட்டரிலிருந்தே நடப்பது. கைக்கடிகாரம் 'பீப்' என்றால் உலகமே இடிந்தாலும் நடந்துவிடுவார். மறுபடி 'பீப்', ஓட்டம். நான் சும்மா இருக்காமல், "நடக்கிறதுக்கு இவ்வளவு பணம் கட்டணுமா? காய்கறி வாங்கத் தினமும் நடக்கிறீங்களே" என்றேன். பதில் சொல்லவில்லை. 'பீப்' வந்துவிட்டது.

28 வரை ஒன்றும் தெரியவில்லை. 29-இல் யாரோ பிளக்கைப் பிடுங்கியது போல. உடம்பு ஈரலிலும் தசைகளிலும் சேமித்து வைக்கிற சர்க்கரை முப்பது கிலோமீட்டர் வாக்கில் தீர்ந்துபோகும் என்பார்கள். ஓட்டக்காரர்கள் இதைச் சுவரில் மோதுவது என்கிறார்கள். எனக்குச் சுவர் மாதிரி இல்லை. ரேஷன் கடையில் நம் முறை வரும்போது ஸ்டாக் தீர்ந்துபோகுமே, அந்த மாதிரி இருந்தது. கையில் கடலை மிட்டாய் இருந்தது. கடித்தேன், வாயில் எச்சில் இல்லாததால் பல்லோடு ஒட்டிக்கொண்டது. இரண்டு கிலோமீட்டர் தூரம் நாக்கால் பல்லைக் குடைந்துகொண்டே ஓடினேன். இனி பேரீச்சம்பழம்தான். ஓட்டக்காரர்களுக்கென்றே கடையில் விற்கும் சத்து ஜெல்லை இவர் விரும்பிச் சாப்பிடுகிறார். எனக்கு அது இருமல் மருந்து.

இடது கால் பெருவிரல் நகம் கறுத்துவிட்டது. ஷூ அரை அளவு பெரிதாக வாங்கியிருக்க வேண்டும்.

2024 டிசம்பர் 29, ஞாயிறு

இனி தூரத்தைக் குறைத்துக்கொண்டே வர வேண்டும். உழைத்தாயிற்று, இனி ஊற வேண்டும் என்பது கணக்கு. மார்கழி என்பதால் நாலே முக்காலுக்கு நாங்கள் படி இறங்கும்போது மாடி வீட்டு மாமியும் குளித்துவிட்டுக் கோயிலுக்கு இறங்குகிறார். "எந்தக் கோயில்?" என்று கேட்கிற மாதிரி எங்கள் டிராயரைப் பார்த்தார். 12 கி.மீ. முடித்துத் திரும்புகையில் தொன்னையில் சூடான வெண்பொங்கல் கொடுத்து அனுப்பினார். அதைத் தின்றுவிட்டு எவன் ஓடுவான்? தூங்கினோம்.

2025 ஜனவரி 14, செவ்வாய்

பொங்கல். பந்தயத்துக்கு முந்தைய சில நாட்கள் மாவுச்சத்தைக் கூட்டிச் சாப்பிட வேண்டுமாம். வெள்ளைக்காரர்கள் இதற்காகப் பாஸ்தா விருந்து வைக்கிறார்கள். நமக்கு முருகனே தேதி பார்த்துக் கொடுத்திருக்கிறான். சர்க்கரைப் பொங்கல் மூன்று முறை வாங்கிக்கொண்டேன், மனசாட்சியோடு.

புனேயில் படிக்கும் மகள் கேட்டாள்: "அம்மா, ஆப்புல உங்க ரெண்டு பேர் நம்பரையும் போட்டு வைக்கிறேன். யார் முந்தி வருவீங்க?" இவர், "உங்கம்மாதான், சந்தேகமென்ன" என்றார். நான் மறுக்கவில்லை.

2025 ஜனவரி 17, வெள்ளி

பிப் வாங்கி வந்தோம். நெஞ்சில் குத்திக்கொள்ளும் எண், பின்பக்கம் நேரம் பதியும் சிப். நான்கு ஊக்கு. இவர் ராத்திரியே சட்டையில் குத்தி நாற்காலிக்குப் போட்டுவிட்டுப் பத்து தடவை பார்த்தார். போனை இவர் இடுப்புப் பையில் வைத்துக்கொள்வதாக முடிவு. எனக்குச் சுமை வேண்டாம்.

2025 ஜனவரி 19, ஞாயிறு, இரவு

படுத்தபடி எழுதுகிறேன். உட்கார முடியவில்லை.

பந்தயம் தொடங்கும் சி.எஸ்.எம்.டி. (சத்ரபதி சிவாஜி மகராஜ் டெர்மினஸ்) ஸ்டேஷன் முன்னால் ஐந்து மணி இருட்டில் ஆயிரக்கணக்கான பேர் நிற்க, எல்லோர் மேலும் வலி நிவாரணி தைல வாசனை. கல்யாண வீட்டில் சந்தனம் மாதிரி இங்கே இது. மரீன் டிரைவ், சௌபாட்டி, பெடர் ரோடு ஏற்றம் எல்லாம் தூக்கக் கலக்கத்திலேயே கடந்துவிட்டன. ஏற்றத்தை நான் கவனிக்கவே இல்லை. அதுதான் தப்பு. இதே ஏற்றம் திரும்பி வரும்போதும் உண்டு.

பொழுது புலரும் நேரம் பாந்த்ரா - வொர்லி ஸீ லிங்க். 2009-இல் திறந்த பாலம். மற்ற நாளில் இதன்மேல் நடக்கக்கூடாது, பைக்குக்கும் அனுமதி கிடையாது. இத்தனை வருஷம் டாக்சி ஜன்னல் வழியாக மட்டும் பார்த்தது. வண்டி இல்லாத பாலத்தில் கேட்டது காலடிச் சத்தம் மட்டும்தான். ஆயிரம் ஷூக்கள், பப்படம் நொறுங்குவது மாதிரி. கம்பிகளுக்கு நடுவே வானம் வெளுக்க, இவர் 'பீப்'புக்கு நடக்க, கூடவே நானும் நடந்தேன். வாழ்க்கையில் முதல்முறையாக அந்த 'பீப்'பை நான் திட்டவில்லை.

மாஹிமில் இறங்கியபோது வீடு மூன்று கிலோமீட்டர். டாக்சி பிடித்தால் பத்து நிமிஷம். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்க்காமல் அந்த இடத்தைக் கடந்தோம்.

மக்களைச் சொல்ல வேண்டும். பிஸ்கட், ஆரஞ்சுச் சுளை, எள்ளுச் சிக்கி, வேகவைத்த உருளைக்கிழங்கு என்று வீட்டு வாசலில் தட்டோடு நிற்கிறார்கள். குழந்தைகள் கையை நீட்டிக்கொண்டு வரிசையாக. ஒரு பாட்டி நைட்டியோடு வந்து, "ஹோ கயா, ஹோ கயா!" (ஆயிடுச்சு, ஆயிடுச்சு!) என்று கத்தினார். எதுவும் ஆகவில்லை பாட்டி, இன்னும் பதினான்கு இருக்கிறது.

முப்பது வாக்கில், எங்களுக்கு இரண்டு மணி நேரத்துக்கு மேல் பிந்திக் கிளம்பிய ஆப்பிரிக்க வீரர்கள் எங்களைத் தாண்டிப் போனார்கள். மோட்டார் சைக்கிள் சத்தம், திரும்பினால் நான்கைந்து பேர், அவ்வளவுதான், போய்விட்டார்கள். குதிகால் தரையில் படவே இல்லை. இவர், "அவங்களும் நம்மளும் ஒரே ரோட்டுலதான் ஓடுறோம்" என்றார். டெண்டுல்கரோடு கிரிக்கெட் ஆடினேன் என்று சொல்ல முடியுமா?

31-ஆம் கிலோமீட்டர் கல். இவர் கையைக் காட்டி, "நீ போ, நான் வர்றேன்" என்றார். முகம் சரியில்லை. ஒப்பந்தம் ஒப்பந்தம்தான். போனேன். இரண்டு தடவை திரும்பிப் பார்த்தேன், நிற்கவில்லை.

நாலு கிலோமீட்டர் பறந்தேன். அப்படித்தான் நினைத்துக்கொண்டேன். அப்புறம் பெடர் ரோடு. காலையில் கண்ணுக்கே தெரியாத ஏற்றம் இப்போது பழனி மலை. நடந்தேன். 'பீப்' எதுவும் அடிக்காமலேயே நடந்தேன். மரீன் டிரைவில் நிழல் கிடையாது. நாற்பதைத் தாண்டியதும் வலது கெண்டைச் சதை கல்லாக இறுகி இழுத்துக்கொண்டது. அப்படியே நடைமேடை விளிம்பில் உட்கார்ந்துவிட்டேன். காலேஜ் பையன் ஒருவன் ஓடி வந்து ஸ்பிரே அடித்தான், பாதத்தைப் பிடித்து மேல்நோக்கி வளைத்தான். கண்ணில் தண்ணீர்.

1896-இல் ஏதென்ஸில், முதல் ஒலிம்பிக் மாரத்தானில், ஓடியது சுமார் 40 கி.மீ.தான். 1908 லண்டன் ஒலிம்பிக்கில் விண்ட்ஸர் அரண்மனையில் ஆரம்பித்து ராஜ குடும்பத்தின் மாடத்துக்கு முன்னால் முடிக்க வேண்டும் என்று 26 மைல் 385 கஜம், அதாவது இந்த நாற்பத்திரண்டு சொச்சம் கிலோமீட்டர் ஆக்கினார்கள், 1921-இல் அதையே நிரந்தரமாக்கிவிட்டார்கள். படிக்கும்போது சுவாரஸ்யமாக இருந்த தகவல். இன்று அந்த மாடத்தில் இருந்த ஒவ்வொருவரையும் தனித்தனியாகச் சபித்தேன்.

அப்போது கேட்டது. 'பீப்.'

தொப்பியை மூக்குவரை இறக்கிக்கொண்டு, வாய் ஏதோ எண்ணிக்கொண்டிருக்க, அதே வேகத்தில், காலையில் எப்படி ஓடினாரோ அப்படியே, என்னைத் தாண்டிப் போகிறார். "ஏங்க!" என்று கத்தினேன். இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள், தமிழ்க்காரர்கள் போல. இவர் திரும்பவில்லை.

நொண்டிக்கொண்டே முடித்தேன். 5 மணி 44 நிமிஷம். மெடலைக் கழுத்தில் போட்டவளிடம் நன்றி சொல்லக்கூட வாய் வரவில்லை. போன் அவரிடம். கூட்டத்தில் எங்கே தேட? மெடிக்கல் டெண்ட் பக்கம் போனால், வாசலில் அவர் முதுகு. உள்ளே இருந்தவர்களிடம் அரைகுறை மராத்தியில் என் எண்ணைச் சொல்லி, இப்படி ஒரு பெண் வந்தாளா, நீலச் சட்டை, ரொம்ப நேரம் முன்னாடியே முடித்திருப்பாள் என்று கேட்டுக்கொண்டிருந்தார். ஒரு கையில் இரண்டு வாழைப்பழம். காதில் போன். போனில் மகள் கத்துவது எனக்கே கேட்டது: "அப்பா, அம்மா இப்பதான் முடிச்சாங்க! நீங்கதான் ஃபர்ஸ்ட்!"

திரும்பியவர் என்னைப் பார்த்தார். எவ்வளவு நேரம் பேசாமல் நின்றோம் என்று தெரியாது. பழத்தை உரித்துக் கொடுத்தார், என்னால் உரிக்க முடியவில்லை.

2025 ஜனவரி 22, புதன்

மாடிப்படியை இன்னும் பின்புறமாகத்தான் இறங்குகிறோம். மாமி பார்த்துவிட்டு ஏதோ வேண்டுதல் என்று நினைத்திருப்பார். கறுத்த நகம் இன்று கழன்று வந்துவிட்டது.

சான்றிதழ் வந்தது. இவர் 5:41. மூன்று நிமிஷத்தைப் பற்றி மூன்று நாளாக ஒரு வார்த்தை இல்லை. பெருந்தன்மை என்று நினைத்தேன். இன்று சாயங்காலம் அம்மா போன் பண்ணியபோது உண்மை வெளிவந்தது.

"ஆமா அத்தை, நல்லா முடிச்சோம். நான் ஒரு மூணு நிமிஷம் முன்னாடி. பெரிசா ஒண்ணுமில்லை. அவளுக்குக் கடைசில கால் பிடிச்சுக்கிச்சு."

ஸ்பீக்கரில் போட்டிருந்தார். அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "கால் பிடிச்சுக்கிட்ட பிள்ளைய நடுரோட்டுல விட்டுட்டா வந்தீய, மாப்பிள்ளை?" என்றாள்.

இவர் என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு அடியாக, அடுப்படிக்குப் போனேன்.