அட்டையில் ஒரு முகம்: ஆண்டு மலர் நாட்குறிப்பு

செப்டம்பர் 2

ஆண்டு மலரின் அட்டை இந்த முறை என் பொறுப்பு. பழைய மலர்களை நூலக அலமாரியிலிருந்து எடுத்து, மேசை முழுக்கப் பரப்பிப் பார்த்தோம், மாணவர் குழுவும் நானும். பாதிக்கு மேல் பள்ளிக் கட்டடம். மீதியில் விளையாட்டு விழா, கலை விழா, பரிசளிப்பு என்று சின்னச் சின்னப் படங்களை ஒட்டிய அட்டைகள். நாலடி தள்ளி நின்று பார்க்கச் சொன்னேன். கட்டடம் கட்டடமாகத் தெரிந்தது. ஒட்டுப்படங்களில் எதுவுமே பிடிபடவில்லை. எந்த முகமும் கட்டைவிரல் நகத்தைவிடப் பெரிதாக இல்லை.

"நிறையப் படம் போட்டா நிறையப் பேருக்குச் சந்தோஷம்தானே மிஸ்?" என்று ஒரு பையன் கேட்டான். நியாயமான கேள்விதான். ஆனால் எல்லோரையும் சேர்த்துக்கொள்ள உள்ளே தொண்ணூற்றாறு பக்கம் இருக்கிறது. அட்டையின் வேலை வேறு. மேசைமேல் கிடக்கும் மலரைக் கையில் எடுக்க வைப்பது அது. ஒரு முகம், அந்த முகத்துக்கு உரிய ஒரு வேலை, இது போதும் என்று பேசி முடித்தோம். யார் முகம் என்பதுதான் பாக்கி.

செப்டம்பர் 4

முதல் மதிப்பெண், விளையாட்டு அணித் தலைவர், மாணவர் தலைவர் என்று பெயர்கள் வந்தன. எல்லோரும் நல்ல பிள்ளைகள், ஆனால் கையில் கோப்பையோடு நிற்கிற படமாகத்தான் எல்லாம் கண்முன் வந்தது. அப்போது குழுவில் அதிகம் பேசாத ஒரு பெண் சொன்னாள்: "நூலகத்துல கிழிஞ்ச புத்தகம் தைக்கிற அக்காவைப் போடலாமே?"

பதினோராம் வகுப்பு மாணவி அந்த அக்கா. மதிய இடைவேளையில் நூலகத்தின் மூலை மேசையில் உட்கார்ந்து, முதுகு பிய்ந்த புத்தகங்களைப் பிரித்து, தாள்களை அடுக்கி, ஊசி நூலால் தைத்து, பசை தடவி, மேலே ஒரு கனமான அகராதியை ஏற்றி வைத்துவிட்டு வகுப்புக்குப் போவாள். யாரும் செய்யச் சொல்லவில்லை. எனக்கு உடனே பிடித்துவிட்டது. ஒரு மலரின் அட்டையில், புத்தகத்துக்கு அட்டை கட்டுகிற கைகள்.

கேட்டபோது, "நான் ஏன் மிஸ்? நான் ரேங்க் எதுவும் வாங்கலையே" என்றாள். நீ செய்கிற வேலைக்காகத்தான் என்றேன். யோசித்துச் சொல்வதாகப் போனாள்.

செப்டம்பர் 8

அவளும் சரி என்றாள், வீட்டிலும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டார்கள். அனுமதிக் கடிதத்தில், படம் எங்கே வரும், பெயர் எப்படி வரும், இணையத்தில் போடுவோமா மாட்டோமா என்று தனித்தனியாக எழுதியிருந்தேன். பிள்ளைகள் படம் என்றால் இந்தக் கடிதம் படப்பிடிப்புக்கு முன்னாலேயே கையில் இருக்க வேண்டும். எடுத்த பிறகு கேட்டால், மறுக்க நினைப்பவர்களும் நம் முகத்துக்காகச் சம்மதித்துவிடுவார்கள்.

மாலையில் பென்சிலால் அட்டையை வரைந்தோம். மேலே கால் பாகம் இதழின் பெயருக்கு. அதற்குக் கீழே முகம், இன்னும் கீழே கைகளும் புத்தகமும். இடது ஓரத்தில் இரண்டு மூன்று தலைப்புகள். படம் எடுக்கும் முன்பே வரைந்துகொள்வது ரொம்ப முக்கியம். பெயருக்கு இடம் விடாமல் படத்தை எடுத்துவிட்டு, அப்புறம் நெற்றிமேல் எழுத்தை ஏற்றுவது எத்தனையோ மலர்களில் நடந்திருக்கிறது.

செப்டம்பர் 9

வெளிச்சம் பார்க்கும் நாள். படம் எடுக்கப்போகும் பன்னிரண்டாம் வகுப்பு மாணவனோடு நூலகத்தில் காலை, மதியம், மாலை மூன்று வேளையும் நின்று பார்த்தேன். மூலை மேசைக்கு இடப்பக்கம் பெரிய ஜன்னல். காலையில் வெயில் நேராக விழுந்து, முகத்தில் கம்பி நிழல் கோடு கோடாக இருந்தது. மதியத்துக்குப் பிறகு வெயில் விலகி, வானத்து வெளிச்சம் மட்டும் மெதுவாக உள்ளே வந்தது. அதுதான் எங்கள் நேரம்.

டியூப்லைட்டை அணைத்துவிட வேண்டும் என்று அவனே கண்டுபிடித்தான். எரிந்தால் கன்னத்தின் ஒரு பக்கம் ஜன்னல் நீலமும் மறுபக்கம் குழல்விளக்கின் பச்சை கலந்த சாயலும் வந்துவிடுகிறது. இரண்டு வகை ஒளியை ஒரே முகத்தில் பின்னால் சரிசெய்வது பெரும்பாடு.

செப்டம்பர் 11

படப்பிடிப்பு. சட்டை வெள்ளைச் சீருடை, பின்னால் மர அலமாரி, முகம் நல்ல மாநிறம். இங்கேதான் கேமராவை நம்பக்கூடாது. அதன் ஒளி அளக்கும் மீட்டர் எதைப் பார்த்தாலும் நடுத்தரச் சாம்பல் என்று நினைத்துக்கொள்ளும். வெள்ளைச் சட்டை சட்டகத்தில் நிறைய இருந்தால், 'அடடா, வெளிச்சம் அதிகம்' என்று குறைத்துவிடும். முகம் இருட்டிப் போகும். அதனால் ஒரு சின்ன இடத்தை மட்டும் அளக்கும் ஸ்பாட் மீட்டரை முகத்தில் வைத்து அளந்தான். சட்டையின் மடிப்புகள் வெளிறிப் போகாமல் இருக்கிறதா என்று திரையில் பார்த்துப் பார்த்து, வெளிச்சத்தைக் கொஞ்சம் கூட்டினான்.

வலப்பக்கம் நிழல் அதிகமாக இருந்தது. பெரிய வெள்ளை சார்ட் ஒன்றை ஒரு பிள்ளை பிடித்துக்கொள்ள, நிழலுக்குள் கன்னம் தெரிய ஆரம்பித்தது. சார்ட்டைக் கிட்டே கொண்டுவந்தால் நிழல் முழுக்கப் போய் முகம் தட்டையாகிறது, தள்ளிப் பிடித்தால் பழையபடி இருள். ஓரடி முன்னே பின்னே நகர்த்தியே சரியான இடத்தைப் பிடித்தார்கள்.

லென்ஸ் 50 மி.மீ. பள்ளிக் கேமராவில் படம் பதியும் சென்சார் ஏபிஎஸ்-சி என்ற சின்ன அளவு, அதில் அது ஏறத்தாழ 75, 80 மி.மீ. லென்ஸ் போலக் காட்டும். முகத்துக்கு அது நல்லது. போனை முகத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோய் எடுத்தால் மூக்கு பெரிதாகிக் காது பின்னால் போய்விடும். லென்ஸின் துளையை முதலில் எஃப் 1.8 என்று அகலமாக வைத்தான். கண் மட்டும் கூர்மை, கைகள் கலங்கல். கைகள்தானே இந்தப் படத்தின் பாதி? துளையைச் சிறிதாக்கி எஃப் 4-க்கு மாற்றி, அவளைக் கொஞ்சம் நேராக உட்காரச் சொன்னோம். முகமும் விரல்களும் கேமராவிலிருந்து கிட்டத்தட்ட ஒரே தூரத்தில் வந்தன. ஷட்டர் 1/160 நொடி, ஒளி உணர்திறனான ஐஎஸ்ஓ 800. கோப்பு ரா, கேமரா பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் வகை.

முதலில் சிரித்துக்கொண்டே இருந்தாள், பல் தெரிய, பாஸ்போர்ட் கடையில் உட்கார்ந்தவள் மாதிரி. சிரிக்கச் சொல்லவும் வேண்டாம், சிரிக்காதே என்று சொல்லவும் வேண்டாம் என்று பையனிடம் சொல்லிவிட்டு, நிஜமாகவே தைக்க வேண்டிய ஒரு புத்தகத்தை அவள் முன்னால் வைத்தேன். சிறிது நேரத்தில் எங்களை மறந்துவிட்டாள். நூலை மெழுகில் இழுத்து, ஊசியில் கோத்து, மடித்த தாள்களின் நடுவே குத்தினாள். இடது ஆள்காட்டி விரலின் நக ஓரத்தில் காய்ந்த பசை, உரிந்து மீன் செதிலாக நின்றது. நூலை இழுத்துப் பிடித்தபடி, "போதுமா அண்ணா?" என்று நிமிர்ந்தாள். அந்த நொடியில் எடுத்தான்.

செப்டம்பர் 12

அந்த நிமிர்ந்த படம்தான். குழுவில் மறுபேச்சே இல்லை. கண்கள் நேராகப் பார்க்கின்றன, கேள்வி இன்னும் முகத்தில் இருக்கிறது, நூல் விறைப்பாக நிற்கிறது.

படத்தை, அட்டையை வடிவமைக்கும் மாணவிக்கு வாட்ஸப்பில் அனுப்பிவிட்டார்கள். வந்தது 1600 பிக்சல் உயரம். அச்சுக்கு அங்குலத்துக்கு 300 பிக்சல் வேண்டும், ஆக ஐந்தேகால் அங்குலத்துக்குச் சற்று மேல்தான் தாங்கும். ஏ4 தாள் 210-க்கு 297 மி.மீ. தாளை வெட்டும்போது ஓரத்தில் வெள்ளை தெரியாமலிருக்க, ப்ளீட் என்று நான்கு பக்கமும் 3 மி.மீ. கூடுதலாகச் சேர்த்தால் 216-க்கு 303. அதாவது சுமார் 2551-க்கு 3579 பிக்சல். மூலக் கோப்பு 6000-க்கு 4000, தாராளம். பென் டிரைவில் வாங்கிக்கொண்டாள்.

செப்டம்பர் 15

இன்றைக்கு எழுத நிறைய இருக்கிறது.

வடிவமைப்பு மாணவி முதல் அட்டையைக் காட்டினாள். அழகாக இருந்தது, ஆனால் அட்டையில் இருந்தது வேறு பெண். முகம் இரண்டு மூன்று படி வெளுத்திருந்தது. தோலில் துளைகளே இல்லை. நகத்துப் பசை காணாமல் போயிருந்தது. கேட்டதற்கு, "அட்டைல நல்லா வரணுமேன்னுதான் மிஸ்" என்றாள். அவள் மனதில் கெட்ட எண்ணம் துளியும் இல்லை. போனில் கேமராவைத் திறந்தாலே 'அழகாக்கும்' பொத்தான் அதைத்தானே செய்கிறது?

குழுவை உட்கார வைத்துப் பேசினேன். 1982 பிப்ரவரியில் நேஷனல் ஜியோகிராபிக் கீசா பிரமிடுகளின் படுக்கைவாட்டுப் படத்தைச் செங்குத்தான அட்டைக்குள் கொண்டுவர, கணினியில் இரண்டு பிரமிடுகளை நெருக்கி நகர்த்தியது. கல்லைத்தான் நகர்த்தினார்கள், அதற்கே அவ்வளவு விமர்சனம். 1994 ஜூன் 27 தேதியிட்ட டைம் இதழ், கொலைக் குற்றம் சாட்டப்பட்ட முன்னாள் அமெரிக்கக் கால்பந்து வீரர் ஓ. ஜே. சிம்ப்சனின் காவல்துறைப் படத்தை அட்டையில் கருமையாக்கிப் போட்டது. அதே வாரம் நியூஸ்வீக் அதே படத்தை மாற்றாமல் போட்டிருந்ததால், கடையில் பக்கத்தில் பக்கத்தில் பார்த்தவர்களுக்கு வித்தியாசம் பளிச்சென்று தெரிந்தது. ஒரு கறுப்பின மனிதரைப் பயங்கரமாகக் காட்ட இருட்டாக்கினார்கள் என்ற கண்டனம் எழுந்தது. அங்கே கருமையாக்கியது எந்த எண்ணத்தைச் சொன்னதோ, இங்கே வெளுப்பாக்குவதும் அதையேதான் சொல்கிறது.

இதன் வேர் இன்னும் பழையது. கலர் பிலிம் காலத்தில் கோடாக் நிறுவனம் படம் கழுவும் லேப்களுக்கு அனுப்பிய 'ஷெர்லி கார்டு' என்ற அளவுகோல் படத்தில் வெள்ளைத் தோல் பெண்தான் இருப்பார். அந்தத் தோல் சரியாக வந்தால் நிறமெல்லாம் சரி என்று கணக்கு. பல நிறத்தவரும் இருக்கும் அட்டை 1990-களில்தான் வந்தது. நம் மாதிரி தோல்களுக்கு ஒளியைப் பார்த்து அளக்க வேண்டும், வெளுப்பைப் பூச வேண்டியதில்லை. அதைத்தான் பையன் ஜன்னலோரத்தில் அவ்வளவு நேரம் செய்தான்.

அப்படியானால் எதையுமே தொடக்கூடாதா என்று கேட்டார்கள். நான் சொன்ன அளவு இது: ஒரு வாரத்தில் தானாகப் போவதை எடுக்கலாம், அவளோடு இருப்பதை எடுக்கக்கூடாது. பரு போகட்டும். நிறம், கன்னத்து மச்சம், மூக்கின் வடிவம் இருக்கட்டும். பசையும் போகிற பொருள்தானே என்று ஒருத்தி மடக்கினாள். அது அவள் செய்த வேலையின் அடையாளம், அதற்காகத்தானே அவளை அட்டையில் போடுகிறோம்?

செப்டம்பர் 16

படத்துக்கு உரியவளிடமும் காட்ட வேண்டும் அல்லவா? இரண்டு படத்தையும் தாளில் எடுத்துக் கொடுத்தேன். முதலில் வெளுத்ததைத்தான் கையில் எடுத்தாள். "கொஞ்சம் கலரா இருந்தா நல்லாருக்குமா மிஸ்?" என்று கேட்டாள். சின்ன வயதிலிருந்து யார் யாரோ சொன்னதெல்லாம் அந்தக் கேள்விக்குள் இருந்தது. எனக்குத் தொண்டை அடைத்தது.

உபதேசம் செய்யவில்லை. இது உன் முகம், நீ முடிவு சொல்லும்வரை அட்டை அச்சுக்குப் போகாது என்று மட்டும் சொன்னேன். வீட்டுக்கு எடுத்துப் போனாள்.

செப்டம்பர் 18

பாட்டி மாற்றிய படத்தைப் பார்த்து, "இது யாரு?" என்று கேட்டாராம். அசல் படமே போதும் என்றாள். புருவத்துக்கு மேலுள்ள பருவை மட்டும் எடுக்கச் சொன்னாள். எடுத்தாயிற்று.

எழுத்து வேலை தொடங்கியது. பக்கம் வடிவமைக்கும் மென்பொருளான இன்டிசைனில் தட்டியதும் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நின்றது. பத்தி அமைப்பில் இந்திய எழுத்துகளைச் சரியாக அடுக்கும் வேர்ல்டு-ரெடி கம்போசரைத் தேர்ந்தெடுத்ததும் ஒழுங்காயிற்று. தலை உச்சி இதழ்ப் பெயரின் மேல் கொஞ்சம் ஏறட்டும், பெரிய பத்திரிகைகளில் அப்படித்தான் இருக்கிறது என்றார்கள். தமிழில் இதைக் கவனித்துச் செய்ய வேண்டும். மேல்சுழியை முடி மறைத்தால் 'கி' வெறும் 'க' ஆகிவிடும், புள்ளி மறைந்தால் மெய் உயிர்மெய்யாகிவிடும். காலின் அடிப்பாகம் மட்டும் மறையும்படி பெயரை நகர்த்தினோம். மெலிந்த எழுத்துருவை விட்டுவிட்டுத் தடித்த ஒன்றை எடுத்தோம். மர அலமாரியின்மேல் மெல்லிய புள்ளிகள் நிற்கவே இல்லை.

தலைப்புகள் ஆறு இருந்தன. மூன்றாகக் குறைத்தேன்.

செப்டம்பர் 22

அச்சகம். முதுகின் அகலம் கேட்டார்கள். 96 பக்கம் என்றால் 48 தாள், தாளுக்கு 0.1 மி.மீ. வைத்தால் 5 மி.மீ.க்குச் சற்றுக் குறைவு. அதில் எழுத்து வேண்டாம் என்று விட்டுவிட்டோம், வெட்டும்போது ஒரு மி.மீ. நகர்ந்தாலும் எழுத்து அட்டைமேல் ஏறிவிடும்.

அச்சுக்கு முன் தரும் மாதிரித் தாளான கலர் ப்ரூஃபைப் பார்த்ததும் வயிற்றில் என்னவோ செய்தது. முகம் சாம்பல் பூத்திருந்தது. திரையின் ஆர்ஜிபி (சிவப்பு, பச்சை, நீலம்) நிறத்தை அச்சின் நான்கு மைக்கு மாற்றும்போது, அவற்றில் ஒன்றான சயான் என்ற பச்சை கலந்த நீல மை தோலில் கூடியிருக்கிறது. அச்சகத்துக்காரர், "மொத்தத்தையும் கொஞ்சம் லைட் பண்ணிடலாம் மேடம், முகம் எடுப்பா வரும்" என்றார். வெளிச்சத்தைத் தொடாதீர்கள், தோலில் சயானை மட்டும் குறைத்துப் பாருங்கள் என்றேன். பக்கத்திலேயே உட்கார்ந்து செய்தார். மாநிறத்தின் சிவப்பும் மஞ்சளும் திரும்பி வந்தன. பொறுமையான மனிதர்.

அட்டைமேல் பளபளப்பில்லாத மெல்லிய உறையான மேட் லேமினேஷன் போட்டால் இன்னும் ஒரு துளி மங்கும் என்றார். அதையும் கணக்கில் வைத்து, லேமினேஷன் ஒட்டிய ப்ரூஃப் ஒன்று கேட்டிருக்கிறேன்.

செப்டம்பர் 24

லேமினேஷன் ப்ரூஃப் வந்தது. ஜன்னல் பக்கம் எடுத்துப் போய்ப் பார்த்தோம். நிறம் சரி. நகத்துப் பசை தெரிகிறது. கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டேன்.

நாளை முதல் உள்பக்கங்கள். பொருளடக்கத்தின் கீழே மூன்று பெயர்கள் வர வேண்டும் என்று முதல் ஆளாக எழுதி வைத்துவிட்டேன்: அட்டையில் இருப்பவள், படம் எடுத்தவன், வடிவமைத்தவள். அவள் பெயருக்குப் பக்கத்தில் 'நூலகப் புத்தகங்களைத் தைத்துச் சீர்செய்பவர்' என்று ஒரு வரி. கைகளை மட்டும் எடுத்த படங்கள் நல்லதாக நாலைந்து மிஞ்சியிருக்கின்றன. தைப்பது எப்படி என்று அவளையே ஒரு பக்கம் எழுதச் சொல்லியிருக்கிறேன், திங்கட்கிழமை தருவதாகச் சொன்னாள்.